ஐந்தாம் வகுப்போடு காணாமல் போகும் குருளையர்கள்

குடியாத்தம் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில் பல வருடங்களாகக் குருளையர் படையை, அதாவது சாரணர் இயக்கத்தின் சின்னப் பையன்கள் பிரிவை, நடத்தி வருகிறேன். நன்றாகப் பழகிய பிள்ளைகளை நாங்கள் இழப்பது ஜூன் மாதத்தில். பத்து வயதில் குருளையர் சாரணராகவும், சின்னப் பெண்பிள்ளைகள் பிரிவான நீலப்பறவையர் சாரணியராகவும் மேலே போக வேண்டும். அதே சமயத்தில் பள்ளியும் மாறுகிறது. புது பஸ், புது வகுப்பு, புது ஆசிரியர்கள். அந்த நெருக்கடியில் சாரணர் படை எங்கே கூடுகிறது என்று பிள்ளை யாரைப் போய்க் கேட்கும்?

ஒரு பையன் இன்னும் மனதில் நிற்கிறான். எங்களிடம் சிக்ஸராக இருந்தவன், ஆறு பேருக்குத் தலைவன். ஆகஸ்டில் கடைத்தெருவில் பார்த்து, "சாரணர்ல சேந்துட்டியாப்பா?" என்றேன். "இல்ல மிஸ், அங்க எல்லாம் பெரிய பசங்க" என்று தலையைக் குனிந்துகொண்டான். இங்கே மூத்தவன், அங்கே கடைக்குட்டி. விழா வைத்துக் கைகொடுத்து அனுப்பியதோடு என் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன். தவறு என்னுடையது.

இப்போதெல்லாம் பொங்கல் விடுமுறை முடிந்ததுமே ஆரம்பித்துவிடுகிறேன். உயர்நிலைப் பள்ளியிலிருந்து எட்டாம் வகுப்புச் சாரணர் அணித்தலைவன் ஒருவனை மூன்று நான்கு சனிக்கிழமை வரவழைக்கிறோம். அவன் ரீஃப் முடிச்சு சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் கண் கொட்டாமல் பார்க்கிறார்கள். நான் சொன்னால் அது பாடம், அண்ணன் சொன்னால் வித்தை! அண்ணன்களோடு தாங்களும் வருவோம் என்று தம்பிகள் துடித்ததால்தான் சாரணர் இயக்கத்தின் நிறுவனர் பேடன் பவல் 1916-ல் குருளையர் பிரிவையே தொடங்கினார். அந்த ஆசையை நாம் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

வைகாசி முதல் நாள் குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. வேலூர் வெயிலைச் சொல்லவே வேண்டாம். நெரிசலுக்குள் சின்னவர்களை விடுவதில்லை. தண்ணீர்ப் பந்தலில் உயர்நிலைப் பள்ளிச் சாரணர், சாரணியரோடு ஜோடி ஜோடியாக நிறுத்துகிறோம். மோர் டம்ளரை எடுத்துக் கொடுத்துக்கொண்டே பெயர் கேட்டுப் பழகிவிடுகிறார்கள். அப்புறம் ஜூனில் அந்தப் பள்ளி வாசலில் தெரிந்த முகம் ஒன்றாவது இருக்கும்.

பெண்பிள்ளைகளின் வீட்டில் தயக்கம் வேறு. "வயசுக்கு வர்ற பொண்ணை ராத்திரி முகாமுக்கு எப்படி டீச்சர் அனுப்பறது?" என்று அம்மாக்கள் கேட்பது நியாயமான கேள்வி. வார்த்தையில் சமாதானம் சொல்லாமல், சாரணியர் படையை நடத்தும் ஆசிரியையை நேரில் சந்திக்க வைக்கிறேன். யார் கூட இருப்பார்கள், எங்கே படுப்பார்கள், கழிவறை எங்கே, எல்லாவற்றையும் அம்மாவே கேட்கட்டும். முதல் வருடம் பகல் நடைப்பயணம் மட்டும் போதும் என்றால் அதுவும் சரி.

முடிந்தவரை பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக அனுப்புங்கள். முன்னேற்ற அட்டையோடு, இவன் இருட்டுக்குப் பயப்படுவான், இவளுக்கு வீசிங் உண்டு என்பதையும் பெற்றோரிடம் கேட்டுக்கொண்டு புது ஆசிரியரிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள்.

ஜூலை முதல் வாரம் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்கிறேன். ஒரே கேள்வி: "எந்த அணி?" புலி, ரோஜா என்று பட்டென்று பதில் வந்தால் நிம்மதி. இழுத்தால், அந்தச் சனிக்கிழமையே அந்தப் பள்ளிக்குக் கிளம்பிவிடுவேன்.