குவான்டைஸ்: எடுப்பைத் திருத்தும் வேலைக்கு ஒரு தமிழ்ச்சொல்

பீட், அதாவது பாட்டுக்கு அடியில் ஓடும் தாளப் பின்னணி, செய்கிறவர்கள் வாயில் எப்போதும் புழங்கும் சொல் குவான்டைஸ். "குவான்டைஸ் போட்டியா?" "போட்டாச்சு, ஆனா உட்கார மாட்டேங்குது." இந்தப் பதில்தான் கவனிக்க வேண்டியது. ஒரு பழைய இசைத்தட்டிலிருந்து இரண்டு ஆவர்த்தன நீளத்துக்கு எடுத்து, அதைத் துண்டு துண்டாக நறுக்கி, பீட் இயந்திரத்தின் பேடுகளில் (விரலால் தட்டினால் ஒலிக்கும் பொத்தான்கள்) ஏற்றி, வேறு வரிசையில் தட்டுகிறோம். குவான்டைஸ் போட்ட பிறகும் துண்டுகள் சில இடத்தில் இழுக்கின்றன, சில இடத்தில் ஓடுகின்றன. இயந்திரத்தில் கோளாறு எதுவும் இல்லை. அந்தச் சொல் எந்த வேலையைக் குறிக்கிறது என்பது சரியாகப் பிடிபடாததால் வரும் குழப்பம் இது.

குவான்டைஸ் என்றால், விரல் பேடைத் தட்டிய நேரத்தை மிக அருகில் இருக்கும் தாளக் கட்டத்துக்கு நகர்த்துவது. நிமிடத்துக்கு 90 அடி வேகத்தில் ஓர் அடிக்கு சுமார் 667 மில்லிசெகண்ட். அதை நாலாகப் பிரித்தால் ஒரு கட்டம் 167. நீங்கள் 150-இல் தட்டினாலும் 185-இல் தட்டினாலும், இயந்திரம் அந்தத் துண்டை 167-இல் ஒலிக்கச் செய்யும். நகர்வது தொடக்கம் மட்டும்தான். துண்டுக்கு உள்ளே இருக்கும் ஒலியை அது தொடுவதே இல்லை.

சொல்லின் வேர் லத்தீன். 'குவான்டஸ்' என்றால் 'எவ்வளவு'. அதிலிருந்து வந்தது குவான்டம். ஆற்றல் தொடர்ச்சியாக ஒழுகாமல் சிறு சிறு அளவுகளாகவே வெளிப்படுகிறது என்ற கருத்தை 1900-இல் மாக்ஸ் பிளாங்க் முன்வைத்தார். அப்புறம் அந்தச் சொல் இயற்பியலின் சொத்தாகிவிட்டது. பொறியியலாளர்கள் அதை வேறு பக்கம் கொண்டுபோனார்கள். தொடர்ந்து மாறும் எந்த அளவையும் குறிப்பிட்ட படிகளில் மட்டும் நிறுத்துவது அவர்களுக்குக் குவான்டைஸ். சிடியில் ஒலி அலையின் உயரம் 65,536 படிகளில் ஏதோ ஒன்றில் நிற்கிறதே, அது இந்தப் பொருளில்தான்.

இசைக்காரர்களிடம் இந்தச் சொல் உயரத்தை விட்டுவிட்டு நேரத்துக்கு வந்தது. இதில் பெரிய பங்கு ரோஜர் லின் என்ற அமெரிக்கருக்கு உண்டு. 1980-இல் அவர் கொண்டுவந்த எல்எம்-1 என்ற டிரம் இயந்திரம், தட்டுவதைக் கட்டத்துக்கு இழுத்து வைத்தது. அதோடு ஸ்விங்கும், அதாவது ஒன்றுவிட்டு ஒரு கட்டத்தைச் சற்றுத் தாமதமாக விழச் செய்யும் வசதியும், கொடுத்தது. 1988-இல் அவர் வடிவமைத்து அகாய் நிறுவனம் வெளியிட்ட எம்பிசி60 என்ற பீட் இயந்திரத்தில் ஓர் அடி 96 நுண்கட்டங்களாகப் பிரிந்திருந்தது. நாலில் ஒன்றுக்கு 24. ஸ்விங் 50 என்றால் நேர்க்கோடு. 66 என்றால் இரட்டைப்படைக் கட்டங்கள் மட்டும் 8 நுண்கட்டம் தள்ளி விழும்; நம் காதுக்குக் கிட்டத்தட்ட மூன்று மூன்றாக எண்ணும் திஸ்ர நடை. இயந்திரம் அனுமதித்த உச்சம் 75.

ஒரே இயந்திரத்துக்குள் இந்தச் சொல் இரண்டு பொருளில் வேலை செய்வதும் உண்டு. 1987-இல் வந்த ஈ-மியூ எஸ்பி-1200-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அது 12 பிட், அதாவது ஒலியின் உயரத்துக்கு 4,096 படிகள். அந்தக் கால நியூயார்க் ஹிப்ஹாப்பின் கரகரப்பில் இதற்குப் பங்கு உண்டு. அதே இயந்திரத்தில் பேடைத் தட்டினால் நேரமும் கட்டத்துக்கு இழுபடும். உயரத்தில் ஒரு குவான்டைஸ், நேரத்தில் ஒரு குவான்டைஸ். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைக்கக் கூடாது என்று நான் நினைப்பது இதனால்தான்.

சரி, துண்டு ஏன் உட்கார மாட்டேன் என்கிறது? முதல் காரணம் வெட்டிய இடம். கிக் டிரம் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) அடி விழும் இடத்துக்கு 15 மில்லிசெகண்ட் முன்னால் வெட்டியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். குவான்டைஸ் துண்டின் தலையைக் கட்டத்தில் சரியாக வைக்கும். ஆனால் காதில் விழும் கிக், 15 மில்லிசெகண்ட் தாமதமாகத்தான் வரும். ஆகவே அலைவடிவத்தைப் பெரிதாக்கி, அடி எழும் விளிம்பிலேயே வெட்ட வேண்டும். 1994-இல் வந்த ரீசைக்கிள் என்ற மென்பொருள், இந்த விளிம்புகளைத் தானே கண்டுபிடித்து வெட்டிக் கொடுத்துத்தான் பெயர் வாங்கியது.

இரண்டாவது காரணம் நீளம். மூலப் பதிவு 96 அடி வேகம். ஒன்றுக்கு நாலு அடியாக இரண்டு ஆவர்த்தனம், எட்டு அடி, சரியாக 5 செகண்ட். அதைப் பதினாறு துண்டாக நறுக்கினால் ஒவ்வொன்றும் 312.5 மில்லிசெகண்ட். உங்கள் பீட் 90 அடி என்றால் ஒவ்வொரு துண்டுக்கும் 333 இடம் இருக்கிறது. துண்டு முடிந்து அடுத்தது வருவதற்குள் 21 மில்லிசெகண்ட் வெறுமை. துண்டுகள் வரிசையாக ஓடும்போது இது விக்கலாகக் கேட்கும். பீட் 100 அடி என்றால் இடம் 300 மட்டுமே. ஒவ்வொரு துண்டின் வாலும் அடுத்ததன் தலையில் ஏறும். இதைக் குவான்டைஸ் தீர்க்காது. வேகமான பீட்டுக்கு, எல்லாத் துண்டுகளையும் ஒரே மியூட் குழுவில் போட்டால் புதியது வந்ததும் பழையது அடங்கிவிடும். மெதுவான பீட்டுக்குச் சுருதியை ஒரு செமிடோனுக்கு (அரைச் சுரம்) கொஞ்சம் கூடுதலாக இறக்கினால், துண்டு மெதுவாக ஓடி, 312.5 நீண்டு 333-ஐ நிரப்பிவிடும். சுருதி மாறக் கூடாதென்றால், நீளத்தை மட்டும் மாற்றும் டைம்ஸ்ட்ரெட்ச் இருக்கிறது; ஆனால் டிரம் அடிகளின் கூர்மை அதில் கொஞ்சம் மழுங்கும். சுருதி இறங்கிய டிரம்முக்கு ஒரு கனம் வரும் என்பதால், நான் பெரும்பாலும் சுருதியைத்தான் இறக்குவேன்.

இனி தமிழ்ச்சொல். குவான்டம் என்பதற்குத் 'துளி', 'சொட்டு' என்ற வழியில் இயற்பியல் தமிழ் போயிருக்கிறது. ஒலியின் உயரத்தைப் படிப்படியாக நிறுத்துவதற்கு அதையே நீட்டிக்கொள்ளலாம். தாளத்துக்கு அது பொருந்தாது. பேடைத் தட்டிக்கொண்டிருப்பவரிடம் 'துளியாக்கு' என்றால் அவருக்கு எதுவும் புரியாது. 'தாளச் சீராக்கம்' என்று சிலர் சொல்லக்கூடும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் துண்டுக்குள் இருக்கும் தாளமும் சீராகிவிடும் என்ற அதே தவறான எண்ணத்தை அது இன்னும் ஆழமாகப் பதிக்கும்.

நம் இசையில் இதற்கு மிக நெருங்கிய சொல் ஒன்று தயாராக இருக்கிறது: எடுப்பு. தாள வட்டத்தில் பாட்டு எந்த இடத்தில் தொடங்குகிறதோ அதுதான் எடுப்பு. தாளத்தோடு சேர்ந்து தொடங்கினால் சமம், தாளத்துக்கு முன்பே தொடங்கினால் அதீதம், பின்னால் தொடங்கினால் அனாகதம். பாட்டு முழுவதற்கும் சொல்வதை ஒவ்வொரு துண்டுக்கும் சொல்வது ஒரு நீட்டல்தான். ஆனாலும் துண்டின் தொடக்கம் மட்டுமே இங்கே பேச்சு என்பதை இந்தச் சொல் அழுத்தமாகச் சொல்லிவிடுகிறது. எம்பிசியில் இந்த வேலைக்கான பெயர் குவான்டைஸ் அல்ல. டைமிங் கரெக்ட் என்றுதான் அதில் எழுதியிருக்கும். ஆகவே 'எடுப்புத் திருத்தம்' என்பதே என் பரிந்துரை. வினையாக, 'எடுப்பைத் திருத்து'.

திருத்தம் என்று சொன்னால் தட்டியதே தவறு என்றாகாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. டெட்ராய்ட்டின் ஹிப்ஹாப் பீட் கலைஞர் ஜே டில்லா பயன்படுத்திய எம்பிசி3000 இயந்திரம் இன்று வாஷிங்டனில், ஸ்மித்சோனியனின் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாறு, பண்பாட்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் குவான்டைஸை அணைத்துவிட்டுக் கையால் தட்டினார் என்பதே பரவலான கதை. அது பாதிதான். ஒரு டிரம்மை நேராகவும் இன்னொன்றை ஸ்விங்கிலும் விட்டு, ஸ்னேர் டிரம்மைச் சில நுண்கட்டம் முன்னால் தள்ளி, இயந்திரத்தின் கருவிகளைக் கொண்டே தன் தாளத்தின் தள்ளாட்டத்தை அவர் உண்டாக்கினார். கிக் சமத்தில், ஸ்னேர் கொஞ்சம் அதீதத்தில். எடுப்பைத் திருத்துவதில், எடுப்பை வேண்டுமென்றே கட்டத்திலிருந்து தள்ளி வைப்பதும் அடங்கும்.

மென்பொருள்களில் ஸ்ட்ரெங்த் என்று இருப்பதைத் 'திருத்த அளவு' என்று சொல்லலாம். நூறு என்றால் முழுக்கக் கட்டத்துக்கு. ஐம்பது என்றால் விலகலில் பாதி அப்படியே இருக்கும். கையால் தட்டிய துண்டுகளுக்கு அறுபதிலிருந்து எழுபதுக்குள் தொடங்கிப் பாருங்கள். "எடுப்புத் திருத்தம் பதினாறில் ஒன்று (அடிக்கு நாலு கட்டம்), திருத்த அளவு 65, ஸ்விங் 56" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொன்னால், அவர் வேறு மென்பொருளில் வேலை செய்பவராக இருந்தாலும் என்ன செய்ய வேண்டும் என்பது புரியும். ஸ்விங்குக்கு நான் சொல் தேடவில்லை. அது அப்படியே இருக்கட்டும்.