கமிஷனிங் என்றால் ஆணையிடலா?

தர்மபுரியில் ஒரு சுகாதாரப் பயிற்சிக் கூட்டம். கையில் கொடுத்த தாளில் தலைப்பு இப்படி இருந்தது: ‘உள்ளூர் அளவில் பொதுச் சுகாதாரச் சேவைகளைத் திட்டமிடுதல் மற்றும் ஆணையிடுதலை மேம்படுத்துதல்’. பக்கத்தில் இருந்தவர் பென்னாகரம் பக்கத்து மலை ஊர்களைப் பார்க்கும் கிராம சுகாதார செவிலியர். தாளை என் பக்கம் நகர்த்தி, “ஆணையிடறதுன்னா கலெக்டர் ஆர்டர் போடறதுங்களா சார்?” என்று கேட்டார். “இல்லம்மா” என்றேன். “அப்புறம் என்னங்க?” என்றார். அதற்குள் மேடையில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் ‘ஆணையிடல்’ எத்தனை முறை வந்தது என்று எண்ணிப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டேன். அவருக்குச் சொல்ல வேண்டிய பதில்தான் இது.

அந்தத் தாளில் ‘ஆணையிடுதல்’ என்று போட்டிருந்தது, ஆங்கிலத்தின் ‘கமிஷனிங்’ (commissioning) என்ற சொல்லுக்குத் தமிழாக. அந்தச் சொல்லைச் சுகாதாரத் துறையில் பெரிதாகப் புழங்கவிட்டது இங்கிலாந்து. 1990இல் வந்த ஒரு சட்டம், மருத்துவச் சேவைக்குப் பணம் கொடுப்பவரையும் சேவையைத் தருபவரையும் தனித்தனியாகப் பிரித்தது. 2013இல் வட்டாரத்துக்கு வட்டாரம் மருத்துவர்கள் தலைமையில் இதற்கென்றே குழுக்கள் வந்தன. பொதுச் சுகாதாரப் பொறுப்பு உள்ளாட்சிகளுக்குப் போனது. 2022இல் அந்தக் குழுக்களைக் கலைத்து வேறு அமைப்பு கொண்டுவந்தார்கள். அமைப்பு மாறினாலும் வேலை ஒன்றுதான். இந்த வட்டாரத்து மக்களுக்கு என்ன தேவை என்று கண்டறிவது, இருக்கும் பணத்தில் எது முதலில் என்று முடிவு செய்வது, அதைச் செய்யத் தக்கவரைத் தேர்ந்து அவரிடம் விடுவது, சொன்னபடி நடக்கிறதா என்று பார்ப்பது, மறுபடி தேவையிலிருந்து தொடங்குவது. இத்தனையும் சேர்ந்ததுதான் கமிஷனிங்.

வேர் லத்தீன். மித்தேரே என்றால் அனுப்புதல், விடுதல். முன்னால் ‘உடன்’ என்ற பொருளில் ஒரு ஒட்டு சேர்ந்து, ஒருவரை நம்பி அவர் கையில் விடுதல் என்று ஆயிற்று. இதற்கு மேல் வேரில் நமக்கு வேலையில்லை.

சரி, ‘ஆணையிடல்’ எங்கிருந்து வந்தது? தேர்தல் கமிஷன் தேர்தல் ஆணையம் ஆனது, கமிஷனர் ஆணையர் ஆனார். அதிகாரம் பெற்ற அமைப்பு, அதிகாரம் பெற்ற ஆள் என்ற அளவில் இரண்டும் பொருந்துகின்றன. மொழிபெயர்ப்பவர் அங்கிருந்து பின்னோக்கி நடந்து, ஆணையம் இருந்தால் அது செய்வது ஆணையிடல்தானே என்று எழுதிவிட்டார். சொல்லைப் பார்த்தாரே ஒழிய, அது செய்யும் வேலையைப் பார்க்கவில்லை. ஆணையிடுபவர் கேட்க மாட்டார், சொல்லுவார். தேவை என்ன என்று ஆராய்வதற்கும், யாரால் முடியும் என்று எடை போடுவதற்கும் அந்தச் சொல்லில் இடமே இல்லை. போதாததற்கு, ஆணையிட்டுச் சொல்வது என்றால் சத்தியம் செய்வது என்றும் நம் ஊரில் பொருள் உண்டு.

இன்னொரு தாளில் ‘சேவைக் கொள்முதல்’ என்று பார்த்தேன். ஆணையிடலுக்கு இது பரவாயில்லை, ஆனாலும் பாதிதான். 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாத்திரையும் ஊசி மருந்தும் மொத்தமாக வாங்குகிறதே, அது கொள்முதல். என்ன வாங்குவது என்று முடிவான பிறகுதான் கொள்முதல் தொடங்கும். கமிஷனிங்கின் உயிர் அதற்கு முன்னால் இருக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரிக் கிராமங்களில் பழுப்பேறிய பல்லையும் வளைந்த காலையும் பார்த்தவர்களுக்கு இது தெரியும். பல் மருத்துவரையும் எலும்பு மருத்துவரையும் எத்தனை பேர் வேண்டுமானாலும் ‘கொள்முதல்’ செய்திருக்கலாம். தேவை, ஃப்ளோரைடு மிகுந்த நிலத்தடி நீருக்கு மாற்று நீர். அதைக் கண்டுகொண்டதன் பலன்தான் 2013இல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம்.

மின்நிலையத்துக்குச் சொல்லும் ‘இயக்கி வைத்தல்’ என்பதைச் சுகாதாரத்துக்குப் போட்டவர்களும் உண்டு. அது வேறு கமிஷனிங்; அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்ததால் வந்த வினை.

நம்மிடம் இதற்குச் சொல் இல்லையா? மித்தேரேயின் அதே ‘விடுதல்’ நம் வாயில் தினமும் வருகிறது. போச்சம்பள்ளிப் பக்கம் மாந்தோப்பைக் குத்தகைக்கு விடுவதைப் பாருங்கள். தை மாதம் பூ எடுத்ததும் வியாபாரி வருவார். தோப்புக்காரர் அவரோடு மரம் மரமாக நடப்பார். பூ எவ்வளவு நிற்கும், மருந்து யார் அடிப்பது, காவல் யார் போடுவது, பணம் எத்தனை தவணை என்று எல்லாம் பேசி, போன வருஷம் இந்த ஆள் எப்படி நடந்துகொண்டார் என்று நாலு பேரிடம் விசாரித்துவிட்டுத்தான் விடுவார். விட்ட பிறகும் தோப்புப் பக்கம் போகாமல் இருக்க மாட்டார். ‘இதனை இதனால் இவன்முடிக்கும் என்றாய்ந்து அதனை அவன்கண் விடல்’ என்ற 517ஆம் குறள் சொல்லும் காரியமும் இதுதான். வேலை, அதற்கான வழி, செய்யும் ஆள், ஆராய்ச்சி, விடுதல் என ஐந்தும் ஒரு குறளில் இருக்கின்றன.

ஆனால் ‘பணி விடல்’ என்று எழுதினால் வேலையை விட்டு நின்றதாகப் படித்துவிடுவார்கள். அதனால் நான் பரிந்துரைப்பது ‘பணி ஒப்படைப்பு’. விரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘தேவையறிந்து பணி ஒப்படைத்தல்’. ஒப்படைப்பு என்றால் கைகழுவுவது போல ஒலிக்கிறதே என்று நண்பர் ஒருவர் சொன்னார். பிள்ளையைப் பள்ளியில் ஒப்படைத்துவிட்டு வரும் தாய் கைகழுவிவிட்டா வருகிறாள்? ஒப்படைத்தவருக்குக் கேட்கும் உரிமையும், பெற்றவருக்குப் பதில் சொல்லும் கடமையும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வீட்டுக்கே போய்ச் சேர வேண்டும் என்பது தேவை. அந்த வேலை சுய உதவிக் குழுப் பெண்களிடம் ஒப்படைக்கப்பட்டது. ‘ஆணையிடப்பட்டது’ என்று போட்டுப் படித்துப் பாருங்கள், அந்தப் பெண்கள் வெறும் ஏவலாட்களாகிவிடுவார்கள்.

எனக்குத் தூய்மையில் பிடிவாதம் இல்லை. மாத்திரை, ஊசி, ஆர்டர் எல்லாம் இருக்கட்டும். தமிழாகத் தெரிந்து தமிழருக்குப் புரியாத சொல்தான் என்னை உறுத்துகிறது. அதே தாளில் நோய்த் தடுப்பு நடவடிக்கை ‘தலையீடு’ ஆகியிருந்தது. அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பதற்கு நாம் சொல்லும் சொல் அது. திட்டத்தில் அக்கறையும் தொடர்பும் உள்ள எல்லோரும் ‘பங்குதாரர்’ ஆகியிருந்தார்கள். மலையடிவாரத்தில் ‘பங்குதாரர் கூட்டம்’ என்று பலகை வைத்தால், யார் நிலத்தில் யாருக்குப் பங்கு என்றுதான் ஊர் கேட்கும். இந்தத் தாள்களை அச்சுக்கு அனுப்பும் முன், மலையேறி இறங்கும் ஒரு செவிலியரிடம் வாசித்துக் காட்டினால் போதும். அரை மணி நேர வேலை.

கிளைச் சொற்களையும் சொல்லிவிடுகிறேன். பணத்தையும் பொறுப்பையும் வைத்துக்கொண்டு வேலையைத் தருபவர் ‘ஒப்படைப்பாளர்’. இவரை ஆணையர் என்று எழுதினால் நகராட்சி அலுவலகத்தைத் தேடுவார்கள். ஏற்றுச் செய்பவர் ‘பணி ஏற்பவர்’. கூட்டத் தாளின் தலைப்பை அன்றே பென்சிலால் மாற்றி அந்தச் செவிலியரிடம் கொடுத்தேன்: ‘நம் வட்டாரத்தின் சுகாதாரத் தேவையறிந்து பணி ஒப்படைத்தலைச் சீர்செய்வது’. படித்துவிட்டு, “அப்ப முதல்ல எங்க மலைக்கு என்ன தேவைன்னு கேப்பாங்க இல்லீங்களா சார்?” என்றார். ஆமாம்மா என்றேன்.