ஆடிக்கு ஒரு நகம், மார்கழிக்கு ஒரு நகம்

டிசம்பர் பிறந்துவிட்டால் கைப்பேசியை நீட்டி, "அக்கா, இதே மாதிரி வேண்டும்" என்று கேட்பவர்கள் வரத் தொடங்குவார்கள். வெண்பனிப் பூ, கலைமான், சிவப்புத் தொப்பி. செப்டம்பரில் உதிர்ந்த மேப்பிள் இலை. கேட்டால் போட்டுவிடுகிறேன், நகத்தில் டிசைன் போடுவதுதான் என் தொழில். ஆனால் சேலத்தில் பனியும் பெய்வதில்லை, மேப்பிளும் உதிர்வதில்லை. இங்கே பருவம் வேறு வழியாக நகத்துக்கு வந்து சேர்கிறது. மார்கழியில் கோலமாவும் குளிர்ந்த தண்ணீரும், சித்திரையில் வியர்வையும் மாங்காய்ப் பாலும், ஆடியில் மஞ்சளும் கூழும், ஐப்பசியில் மழையும் முறுக்கு மாவும். அதனால் படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அடுத்த இரண்டு வாரம் இந்தக் கைக்கு வீட்டில் என்ன வேலை?" டிசைனை அதற்குப் பிறகு முடிவு செய்துகொள்ளலாம்.

காரணம் எளிது. நகம் தண்ணீரை உறிஞ்சும், சற்று உப்பும், காய்ந்ததும் சுருங்கும். மேலே பூசிய பூச்சு அதே அளவுக்கு விரிந்து சுருங்காது. ஒரு நாளைக்குப் பத்து முறை பாத்திரம் துலக்குகிற கையில் விளிம்பு உரிவதற்கு மட்டமான பாலிஷ்தான் காரணம் என்று சொல்ல முடியாது. நகத்தின் நுனியையும் சேர்த்து மூடிப் பூசினால் கொஞ்சம் தாங்கும். நகத்தைக் குட்டையாக வைத்தால் இன்னும் தாங்கும்.

மார்கழி, தை மாதங்களுக்கு என்னிடம் அதிகம் கேட்கப்படுவதும், எனக்கே மிகவும் பிடித்ததும் புள்ளிக் கோல நகம். வீட்டிலேயே செய்துகொள்ளலாம். பார்லருக்கு வரத் தேவையில்லை என்று நானே சொல்வது என் வருமானத்துக்கு நல்லதல்ல; இருந்தாலும் சொல்கிறேன். முதலில் நிறமில்லாத பேஸ் கோட். அதன்மேல் செம்மண் நிறத்தில் மெல்லியதாக இரண்டு பூச்சு. தடித்த ஒற்றைப் பூச்சு மேலே காய்ந்து உள்ளே ஈரமாகவே கிடக்கும். இரவு போர்வையின் வரி அதில் பதிந்துவிடும். புள்ளி வைக்கத் தனிக் கருவி வாங்க வேண்டாம். உருண்ட முனையுள்ள ஹேர்பின், அல்லது மை தீர்ந்து சுத்தமாகத் துடைத்த பேனா ரீஃபில் போதும். வெள்ளைப் பாலிஷில் ஒரு சொட்டைப் பிளாஸ்டிக் தாளில் விட்டுத் தொட்டு வையுங்கள். எல்லாப் புள்ளியும் ஒரே அளவில் வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொட வேண்டும். ஒரு முறை தொட்டுத் தொடர்ந்து நான்கைந்து வைத்தால் தானாகவே பெரிதிலிருந்து சிறிதாகக் குறைந்துகொண்டு வரும். இடைப்புள்ளி வரிசைக்கு அது அழகு. சுற்றி நெளிக்கோடு இழுக்க ஆசையிருந்தால் மோதிர விரலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பத்து விரலிலும் சிக்குக் கோலம் இழுப்பதற்கு எனக்கே பொறுமை வராது.

இதில் பெரும்பாலோர் கெடுத்துக்கொள்ளும் இடம் கடைசியில் வருகிறது. புள்ளி, அடியிலுள்ள பூச்சைவிடத் தடிப்பாக நிற்பதால் காயக் கால் மணி நேரமாவது பிடிக்கும். அவசரப்பட்டு, கடைசியாக மேலே பூசும் டாப் கோட்டை அழுத்தி இழுத்தால் வெள்ளை முழுவதும் செம்மண்ணில் கரைந்து இழுபடும். பிரஷில் தாராளமாக எடுத்து, பிரஷ் முடி நகத்தில் படாமல் திரவம் மட்டும் படும்படி ஒரே இழுப்பில் முடித்துவிட வேண்டும்.

ஏற்காட்டிலிருந்து இறங்கி வருகிறவர்களின் நகம் வேறு கதை. 20 கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே, ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில், மார்கழிக் காற்று நகத்தை உலர்த்திப் பிளந்துவிடுகிறது. நுனி இரண்டு ஏடாகப் பிரிந்திருக்கும். "தேங்காய் எண்ணெய் தடவுங்கள்" என்று கீழே இருப்பவர்கள் சொல்லிவிடுவார்கள். ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே போனால் தேங்காய் எண்ணெய் உறையத் தொடங்கும். மலைக் காலையில் அது பாட்டிலுக்குள் வெள்ளைக் கட்டி. நல்லெண்ணெய் உறையாது. இரவில் ஒரு சொட்டு எடுத்து நகத்தின் வேரில் தேய்த்தால் போதும். பாலிஷ் போடும் நாளில் மட்டும் அந்த எண்ணெய்ப் பசையைச் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும். இல்லையென்றால் பூச்சு ஒட்டாது. குளிரில் பாலிஷும் கெட்டிப்படும். பாட்டிலைக் குலுக்கினால் காற்றுக்குமிழி புகும். இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து உருட்டினால் சூட்டில் இளகிவிடும். தீர்ந்துபோகிற பாட்டிலில் ரிமூவரை ஊற்றி இளக்குகிறவர்கள் உண்டு. பூச்சின் பிடிப்பே போய்விடும். அதற்கென்றே தின்னர் விற்கிறது.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்கு ஏற்ற டிசைன் கேட்டால் நான் காப்பித் தோட்டத்தைத்தான் காட்டுவேன். குளிர் மாதங்களில் பழம் சிவந்து பறிப்பு நடக்கும். காப்பிக்கொட்டை நிறத்தில் பூசி, ஓரத்தில் கொத்தாக மூன்று சிவப்புப் புள்ளி, பக்கத்தில் ஒரு பச்சை இலை. மற்ற விரல்களுக்கு மூடுபனிச் சாம்பல், பளபளப்பில்லாத மேட் பூச்சோடு. பழம் பறிக்கிற பெண்களே கேட்டால் நீள நகம் வேண்டாம் என்றுதான் சொல்வேன். கிளையில் மாட்டி நகம் வேரோடு தூக்கிக்கொள்ளும்.

கோடைக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மல்கோவா மஞ்சள் போடுங்கள், நன்றாக இருக்கும். ஆனால் அடர் மஞ்சளும் சிவப்பும் நகத்தில் கறை ஏற்றும் நிறங்கள் என்பதால் பேஸ் கோட்டை மறக்காதீர்கள். மின்விசிறிக்கு நேர்கீழே உட்கார்ந்து பூசினால் சேலத்து வெயிலில் பூச்சின் மேற்பரப்பு சட்டென்று காய்ந்து, உள்ளே குமிழி எழும். கோடை விழாவுக்கு ஏற்காடு போகிறவர்கள் கால் நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு போங்கள். இறங்கும் சரிவில் ஷூவின் முனை கட்டைவிரலை இடித்து ரத்தம் கட்டும். அதை மறைக்க என்னிடம் கறுப்புப் பாலிஷ் கேட்பார்கள்.

ஆடி வந்தால் கோட்டை மாரியம்மன் கோவில் பண்டிகை. ஊரே மஞ்சள். இந்த மாதத்தில் வெள்ளை நுனி வைத்த பிரெஞ்சு டிசைன் கேட்பவர்களை நான் தடுத்துப் பார்ப்பேன். இரண்டாம் நாளே அது மஞ்சளாகிவிடும். அதைவிட மஞ்சளையும் வேப்பிலைப் பச்சையையுமே டிசைனாக எடுத்துக்கொள்ளலாம். மருதாணி அதைவிட நல்லது. தோலில் வைத்த மருதாணி இரண்டு மூன்று வாரத்தில் தோலோடு உதிர்ந்துவிடும். நகம் அப்படி உதிராது. கை நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளர்கிறது. ஆடியில் ஏறிய சிவப்பு முழுவதும் வெளியேற ஐந்தாறு மாதம் ஆகும். ஆவணியில் அடியில் வெளுத்த பிறை ஒன்று தெரியத் தொடங்கும்போது பலர் அதை அழுக்கு என்று நினைத்துச் சுரண்டுகிறார்கள். சுரண்டாதீர்கள். அந்தப் பிறையில் மட்டும் தங்க நிறம் பூசுங்கள். வாராவாரம் அகலமாகிக்கொண்டு வரும் பிறை, நுனிப் பக்கம் மருதாணிச் சிவப்பு. காசே செலவில்லாத டிசைன். என் கடையில் யார் பார்த்தாலும் கேட்கிறார்கள்.

அரைத்த மருதாணி இலை தோலில் கறுப்பாகப் பிடிக்காது. ஒரு மணி நேரத்தில் கறுப்பாகப் பிடிக்கும் என்று விற்கிற கூம்புகளில் பெரும்பாலும் தலைச்சாயத்தில் சேர்க்கும் பிபிடி என்ற ரசாயனம் இருக்கும். கொப்புளம் வந்து தழும்பாகிப் போன கைகளைப் பார்த்திருக்கிறேன். ஒரு முறை அதற்கு ஒவ்வாமை வந்தவருக்குப் பிறகு தலைக்குச் சாயம் போட்டாலும் வரலாம்.

இனி மழைக்காலம். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே அதுதான். ஐப்பசி, கார்த்திகையில் விளக்கொளியில் இறுகும் ஜெல் பாலிஷும் ஒட்டு நகமும் அதிகம் போடுகிறார்கள், தீபாவளி காரணமாக. ஜெல் மூன்று வாரம் பளபளக்கும் என்பது உண்மை. ஆனால் ஓரம் லேசாகத் தூக்கிக்கொண்டால் அந்த இடுக்கில் தண்ணீர் போய் உட்காரும். ஈரம் தங்கினால் பாக்டீரியா வளர்ந்து நகம் பச்சையாகும். அதைப் பார்த்துவிட்டு, "அதன் மேலேயே இன்னொரு கோட் போட்டு மறைத்துவிடுங்கள் அக்கா" என்பார்கள். மாட்டேன். கழற்றி, உலரவிட்டு, மருத்துவரிடம் அனுப்புவேன். தூக்கிக்கொண்ட ஒட்டு நகத்தைப் பசை விட்டு மறுபடி ஒட்டுவதும் இதே தவறுதான், ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுவது.

பச்சை நகமாவது சில மாதத்தில் வளர்ந்து போய்விடும். ஒவ்வாமை போகாது. ஜெல்லில் அக்ரிலேட் வகை ரசாயனங்கள் இருக்கின்றன. அவற்றில் ஹீமா என்பது ஒவ்வாமைக்குப் பெயர்பெற்றது. விளக்கொளியில் முழுதாக இறுகிவிட்டால் பெரிய தொல்லை தராது. இறுகாத நிலையில் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் உடம்பு ஒரு நாள் எதிர்க்கத் தொடங்கும். விரல் நுனியில் அரிப்பு, வெடிப்பு, நகம் சதையை விட்டுப் பிரிதல், சிலருக்குக் கண் இமைகூட வீங்கும். ஒரு முறை வந்தால் பொதுவாக ஆயுளுக்கும் நிற்கும். பல் அடைக்கும் பொருளிலும், மூட்டு அறுவையில் பயன்படும் எலும்பு சிமெண்டிலும் அதே குடும்பத்து ரசாயனங்கள் உண்டு என்பதை நினைத்துப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஹீமா கலந்த நகப் பொருட்களைத் தொழில்முறையாளர் மட்டுமே கையாள வேண்டும் என்று விதி இருக்கிறது. ஜெல்லை இறுகச் செய்யும் டிபிஓ என்ற பொருளை 2025 செப்டம்பர் 1 முதல் அங்கே அழகுசாதனங்களில் தடை செய்துவிட்டார்கள்.

இங்கே ஆன்லைனில் ஒரு பெட்டி வாங்கினால் குட்டி விளக்கும் பன்னிரண்டு நிறமும் சேர்ந்தே வந்துவிடுகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடப் போட்டுக்கொள்கிறார்கள். அந்த விளக்கு அந்த ஜெல்லுக்கு ஏற்றதா என்பது யாருக்கும் தெரியாது. மேலே கெட்டியாகத் தெரியும், அடியில் இறுகாமலே இருக்கும். வீட்டில் செய்வதாக இருந்தால் சாதாரணப் பாலிஷோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பது என் கட்சி. பார்லருக்குப் போனால் நகத்தைச் சுற்றியுள்ள தோலில் ஜெல் படுகிறதா என்று கண்ணை வைத்துப் பாருங்கள். பட்டால் விளக்கில் வைப்பதற்கு முன் துடைக்கச் சொல்லுங்கள். விளக்கிலிருந்து வருவது புற ஊதாக் கதிர். கையின் மேற்புறத்தில் சன்ஸ்கிரீன் தடவலாம், அல்லது விரல் நுனி வெட்டிய கையுறை போடலாம். நகத்தின் வேரை மூடியிருக்கும் மெல்லிய தோலை வெட்ட வந்தால் கையை இழுத்துக்கொள்ளுங்கள். அது அழுக்கல்ல, கதவு. அதை வெட்டிய பிறகு வருவதுதான் நகச்சுத்தி.

கழற்றுவதும் ஒரு வேலை. டிவி பார்த்துக்கொண்டே ஜெல்லைப் பிய்த்து எடுப்பவர்கள் நகத்தின் மேலேட்டையும் சேர்த்தே பிய்க்கிறார்கள். மேல் பளபளப்பை மெல்ல அரம் போட்டுவிட்டு, அசிட்டோனில் நனைத்த பஞ்சை நகத்தில் வைத்து அலுமினியத் தாளைச் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டால் தானாக நெகிழ்ந்து வரும். தீபாவளி மினுமினுப்புப் பாலிஷையும் இப்படியே எடுக்கலாம். இதைச் செய்யும் இடத்தில் அடுப்போ அகல் விளக்கோ கூடாது. அசிட்டோன் ஆவி தீயைப் பிடித்துக்கொள்ளும். சாதாரணப் பாலிஷிலேயே நைட்ரோசெல்லுலோஸ் இருக்கிறது, எளிதில் எரிகிற பொருள். நீண்ட அக்ரிலிக் நகத்தோடு கார்த்திகை விளக்கின் திரியைத் தூண்டுவதும், குட்டைக் கம்பி மத்தாப்பைப் பிடிப்பதும் வேண்டாம். இன்னொன்று: கல் பதித்த நகத்தோடு ரசம் சாதம் பிசைந்து பார்த்தவர்கள் மறுமுறை அதைக் கேட்பதில்லை. கல்லும் மினுக்கும் இடது கைக்கு, வலது கைக்கு வெறும் நிறம்.

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லாததால் அப்போது நகத்துக்கு ஓய்வு கொடுத்து "மூச்சு விட"ச் சொல்லலாமா என்று மணப்பெண்கள் கேட்கிறார்கள். நகம் மூச்சு விடாது, அதற்கு வேண்டியது ரத்தத்திலிருந்து வருகிறது. ஆனால் முரட்டுத்தனமாகக் கழற்றி மெலிந்துபோன நகம் திரும்ப முழுதாக வர ஆறு மாதம் வேண்டும். கால் கட்டைவிரலுக்கு ஒரு வருடத்துக்கு மேல். தையில் கல்யாணம் என்றால் ஆடியிலேயே கவனிக்கத் தொடங்க வேண்டும். முகூர்த்தத்துக்கு நான் சிபாரிசு செய்வது கால் விரலில்: மங்கலான ரோஜா நிறம், வேரோரம் வெள்ளிக் கோடு, அதன்கீழ் முத்து முத்தாக வெள்ளிப் புள்ளி. சேலத்துக் கொலுசும் மெட்டியும் போட்ட காலுக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படாது.

சில கைகளுக்கு எந்தப் பருவத்திலும் பூச மாட்டேன். நகம் தடித்து மஞ்சளாகப் பொடிகிறது, நகக்கண் வீங்கிச் சீழ் வைத்திருக்கிறது, நீள வாக்கில் ஒரு கறுப்புக் கோடு புதிதாக வந்து அகலமாகிறது: இவை தோல் மருத்துவர் பார்க்க வேண்டியவை. கறுப்புக் கோடு பெரும்பாலும் ஒன்றுமில்லாததாக இருக்கலாம்; அபூர்வமாகப் புற்றுநோயாகவும் இருக்கும், அதைச் சொல்வது என் வேலையல்ல. சர்க்கரை நோயுள்ளவர்கள் கால் நகத்தை எந்தக் கடையிலும் தோண்ட விடாதீர்கள். மருத்துவரிடம் போகும்போது பத்து விரலிலும் பாலிஷை எடுத்துவிட்டுப் போங்கள், வலிக்கிற விரலில் மட்டும் அல்ல. மற்ற நகங்களோடு ஒப்பிட்டுத்தான் அவர்கள் பார்ப்பார்கள். அறுவை சிகிச்சை என்றால் விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவிக்கும் அடர் நிறம் தடை. அதற்கு முந்தைய நாளே ஜெல்லைக் கழற்ற வந்துவிடுங்கள், அவசரத்தில் பிய்க்க வேண்டியிருக்காது.