சிதைப்பு: ‘அழிவு’ என்றும் ‘கட்டுடைப்பு’ என்றும் பிழையாக எழுதப்படும் ஒரு கலைச்சொல்

மாணவர்களின் சோதனைப் படைப்புகளுக்கென நடந்த கண்காட்சி ஒன்றின் வாசலில், ‘அழிவும் இயக்கமும்: ஒரு கட்டுடைப்பு’ என்று அச்சிட்ட அட்டை தொங்கியது. எனக்கு முன்னால் நின்றவர் அதைப் படித்துவிட்டு, உள்ளே போர்க் காட்சிகள் இருக்கின்றனவா என்று கேட்டார். அவருடன் வந்தவரோ அதை ஏதோ ஓர் அமைப்பின் பெயர் என்று எண்ணியிருந்தார். உள்ளே இருந்தது வேறு. கைப்பிடியால் சுழலும் சிறு மேசையின் மீது சுடாத களிமண்ணால் ஆன ஒரு தலை. அதற்கு மேலே நீர் சொட்டும் குழாய். வருபவர் கைப்பிடியைச் சுற்றச் சுற்ற நீர் முகமெங்கும் பரவி, முதலில் மூக்கின் நுனி மழுங்கி, பின் உதடுகள் ஒன்றாகி, மாலைக்குள் தலை ஒரு மேடாகி, மேசை விளிம்பில் சேறு வழிந்து நின்றது. இவ்வளவு தெளிவான ஒரு செயலுக்கு முன்னால் இவ்வளவு மங்கலான மூன்று சொற்களை எப்படித் தொங்கவிட்டார்கள் என்ற வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன். இதே மொழிபெயர்ப்பைப் பட்டியல்களிலும் விமர்சனங்களிலும் பலமுறை சகித்துக்கொண்டவன் நான், இனிச் சகிப்பதற்கில்லை.

கலைஞர் தம் படைப்பைத் தாமே குலைப்பதைக் குறிக்கும் ‘டிஸ்ட்ரக்‌ஷன்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு இங்கே வேண்டியிருக்கும் தமிழ்ச் சொல் ‘சிதைப்பு’. சிதை என்னும் வினையடி தமிழுக்கே உரியது. ஈமச் சிதை என்னும் பெயர்ச்சொல் வடமொழி வழி வந்த வேறு சொல், ஒலியால் மட்டும் ஒன்றாகியது. வடிவம் குலைதல், கட்டு விட்டுத் துணுக்குகளாதல் என்பதே வினையின் பொருள். ‘சிதைவிடத்து ஒல்கார் உரவோர்’ என்று தொடங்கும் 597-ஆம் குறளில் அம்பு தைத்த களிறு தன் பெருமையை ஊன்றி நிற்கிறது. சிதைவு வந்த பின்னும் நிற்பதற்கு ஒன்று மிஞ்சியிருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பின்னால் இது பயன்படும்.

இனி ‘அழிவு’ ஏன் ஆகாது என்பதைப் பார்ப்போம். தமிழில் அழி என்னும் அடி இரண்டு வகையாக நடக்கும். அழிந்தது என்றால் தன்வினை. அழித்தான் என்றால் பிறவினை. முன்னதன் பெயர் அழிவு, பின்னதன் பெயர் அழிப்பு. பிரிவு, பிரிப்பு, இணைவு, இணைப்பு, சிதைவு, சிதைப்பு என்று இந்த இணைகளை எழுதப் படிக்கத் தெரியாதவரும் பிழையின்றிக் கையாளுகிறார். (ஏரிக்கரை ‘உடைப்பு’ எடுத்தது என்பது போன்ற விலக்குகள் உண்டு, விலக்கு இருப்பதால் வழக்கு இல்லாமல் போய்விடாது.) திருக்குறளிலேயே இரண்டும் உள்ளன. 461-ஆம் குறளின் ‘அழிவதூஉம்’ ஒரு செயலில் இறங்கும்போது நமக்கு நேரும் இழப்பைச் சொல்கிறது. 421-ஆம் குறளின் ‘உள்ளழிக்கல் ஆகா அரண்’ பகைவர் புகுந்து செய்ய முயலும் செயலைச் சொல்கிறது. முன்னதில் நேர்தல், பின்னதில் செய்தல்.

கலைஞர் ஒருவர் தம் படைப்பை வேண்டுமென்றே குலைக்கும்போது அங்கே செய்பவர் இருக்கிறார், கைப்பிடி இருக்கிறது, கைப்பிடியைப் பற்றிய விரல்கள் இருக்கின்றன. ‘அழிவு’ என்று எழுதியவுடன் அந்த ஆள் காணாமற்போகிறார். வெள்ளத்திலும் நிலநடுக்கத்திலும் வருவது அழிவு. முத்தொழிலைச் சொல்லும்போது படைத்தல், காத்தல், அழித்தல் என்றே எல்லோரும் சொல்கிறோம். மூன்றாவதை மட்டும் அழிவு என்று மாற்றிச் சொல்பவர் எவருமில்லை, ஏனெனில் அது ஒருவர் செய்யும் தொழில் என்ற உணர்வு நம் நாவில் இருக்கிறது. அந்த உணர்வு மொழிபெயர்ப்பாளர் பேனாவை எடுத்தவுடன் எங்கோ மறைந்துவிடுகிறது. அகராதியைத் திறந்து முதலில் கிடைக்கும் பெயர்ச்சொல்லைப் பெயர்ச்சொல்லுக்கு நேராக வைத்துவிட்டு, பிறகு வாக்கியத்தில் செய்பவரைச் சேர்க்க முடியாமல் ‘அழிவை ஏற்படுத்தினார்’, ‘அழிவுக்கு உள்ளாக்கினார்’ என்று இழுக்கிறார்கள். ‘அழித்தார்’ என்ற ஐந்தெழுத்துச் சொல் இவர்களுக்கு என்ன தீங்கு செய்தது? தமிழின் பலமே வினையில் இருக்கிறது. அதைப் பெயராக்கி, அந்தப் பெயருக்கு ‘ஏற்படுத்து’ என்னும் ஊன்றுகோலைக் கொடுத்து நடக்க வைப்பது, நன்றாக ஓடக்கூடியவரை நொண்டியாக்குவதாகும்.

‘அழிவுக் கலை’ என்ற தொடருக்கு இன்னொரு கேடும் உண்டு. அதைப் படிக்கும் எவரும் அழிந்துவரும் கலை, காப்பாற்ற வேண்டிய கலை என்றே முதலில் பொருள்கொள்வார். 1966 செப்டம்பரில் கலைஞர் குஸ்டாவ் மெட்ஸ்கர் முன்னின்று லண்டனில் கூட்டிய கருத்தரங்கின் பெயரை ‘கலையின் அழிவு’ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். கலை அழிந்துபோவதற்காக அங்கே எவரும் கூடவில்லை. கலைக்குள் சிதைத்தல் என்ன வேலை செய்கிறது என்பதைச் செய்துகாட்டவும் பேசவும் கூடினார்கள். அதன் பெயர் ‘கலையில் சிதைப்பு’ என்பதே. ஓர் உருபும் ஒரு விகுதியும் தவறியதில் பொருள் தலைகீழாகிவிட்டது.

பிறவினைதான் வேண்டுமென்றால் ‘அழிப்பு’ போதாதா என்று கேட்கலாம். சில இடங்களில் அதுவே சரி. 1953-இல் அமெரிக்க ஓவியர் ராபர்ட் ரவுஷன்பெர்க், மற்றோர் ஓவியரான வில்லெம் டி கூனிங்கிடம் ஓர் ஓவியத்தைக் கேட்டு வாங்கி, அதை ரப்பரால் அழித்துத் தம் படைப்பாக வைத்தார். கோடுகளை இல்லாமல் ஆக்குவதே அங்கே நோக்கம். பள்ளிப் பிள்ளைகள் சொல்லும் அதே பொருளில் அது அழிப்பு. களிமண் தலையின் கதை அப்படியன்று. மண் எங்கும் போகவில்லை. சேறாக மேசை விளிம்பில் கிடக்கிறது, அந்தச் சேறும் படைப்பின் பகுதி. மிச்சம் இருப்பது சிதைப்பு, மிச்சமின்றிப் போக்குவது அழிப்பு. கிழித்தல், எரித்தல், நொறுக்குதல், கரைத்தல் எல்லாவற்றுக்கும் குடையாக நிற்கக்கூடியதும் சிதைப்பே. நாசம், துவம்சம் ஆகியவற்றை நான் விலக்குவது அவை வடசொற்கள் என்பதற்காக மட்டுமன்று. அவற்றில் சினமும் சாபமும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, மாணவர் பொறுமையாகச் செய்யும் ஒரு செயலை அவற்றால் சொல்ல முடியாது.

மூன்று சொற்களில் என்னை அதிகம் வருத்துவது ‘கட்டுடைப்பு’. பார்வைக்குத் தனித்தமிழாக இருப்பதால் இதைக் குறைசொல்பவர் குறைவு. இது பிரெஞ்சுத் தத்துவவாதி ழாக் தெரிதாவின் பெயரோடு சேர்ந்த ‘டீகன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்னும் வாசிப்பு முறைக்குத் தமிழில் ஆக்கப்பட்ட சொல். ஒரு பனுவல் எவற்றை மேல், கீழ் என்றும் உள், புறம் என்றும் பிரித்து நிறுத்துகிறதோ, அந்தப் பிரிவுகள் அப்பனுவலுக்குள்ளேயே நிலைகொள்ளாமல் ஆடுவதைக் காட்டும் வாசிப்பு அது. எதையும் சுத்தியலால் அடிப்பது அங்கே வேலையன்று. தெரிதாவே 1983-இல் ஜப்பானிய நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், தாம் இந்தச் சொல்லுக்கு வந்த வழியைச் சொல்கிறார். தத்துவவாதி ஹைடெக்கரின் ஜெர்மன் சொற்களைப் பிரெஞ்சில் கொண்டுவர முயன்றபோது, சிதைப்பைக் குறிக்கும் நேரடிப் பிரெஞ்சுச் சொல் இல்லாமலாக்குதலையே அதிகம் சுட்டியதால் அதை ஒதுக்கினார். பழைய அகராதி ஒன்றில் தேடியபோது, ஓர் இயந்திரத்தை வேறிடத்துக்குக் கொண்டுசெல்லப் பகுதி பகுதியாகக் கழற்றுதல் என்ற பொருளும் தம் சொல்லுக்கு இருப்பதைக் கண்டார். ஆக, அழிப்புப் பொருளிலிருந்து விலகுவதற்காகவே தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு சொல்லின் தமிழ் வடிவத்தை எடுத்து, அழிப்புக்கே பெயராக ஒட்டியிருக்கிறார்கள்.

இதில் தமிழாக்கத்தின் பங்கும் உண்டு. ‘உடைப்பு’ என்ற பகுதி காதில் விழும்போது சட்டி உடையும் ஓசையும் சேர்ந்து கேட்கிறது. கட்டு என்பது பின்னுக்குப் போய்விடுகிறது. இதே கருத்துக்கு வழங்கும் ‘கட்டவிழ்ப்பு’ எவ்வளவோ மேல். அவிழ்த்த முடிச்சைத் திரும்பவும் கட்டலாம். கழற்றிய இயந்திரத்தைப் போன இடத்தில் பூட்டலாம். கரைந்த முகத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது. அந்த மீளாமைதான் மாணவரின் படைப்புக்கு உயிர். அதைக் கட்டுடைப்பு என்று அழைப்பதால் படைப்புக்கு ஒரு தத்துவக் கனம் வந்துவிடுவதாகச் சிலர் நம்புகிறார்கள் போலும். எதையாவது உடைத்தால் கட்டுடைப்பு, கதையின் முடிவை மாற்றினால் கட்டுடைப்பு, ஒரு நடிகர் வழக்கத்துக்கு மாறான வேடம் ஏற்றால் அவருடைய பிம்பத்தின் கட்டுடைப்பு என்று இந்தச் சொல் எங்கும் சிந்திக் கிடக்கிறது. இத்தனைக்கும் பயன்படும் சொல் எதற்கும் பயன்படாது. தெரிதாவைப் படிக்கப் போகும் மாணவருக்கும் அது மிஞ்சாமல் போகிறது.

‘அழிவு’ முற்றிலும் பிழையாகாத இடம் ஒன்று உண்டு. மெட்ஸ்கர் 1959-இல் வெளியிட்ட அறிக்கையில், தானாகவே குலைந்துபோகும் படைப்புகளைப் பற்றிப் பேசினார். அவற்றின் ஆயுள் சில கணங்களிலிருந்து இருபது ஆண்டுகள் வரை இருக்கலாம் என்றும், சிதைவு முடிந்தவுடன் அவற்றை இடத்தைவிட்டு அகற்றிக் கழிக்க வேண்டும் என்றும் எழுதினார். இங்கே படைப்பு தானே சிதைகிறது; தன்வினை பொருந்தும். ‘தன்னழிவுக் கலை’ என்பதைக் குறைசொல்ல மாட்டேன், ‘தன்சிதைவுக் கலை’ இன்னும் நெருக்கம் என்பேன். ஆனால் 1961-இல் அவரே தேம்ஸ் கரையில் நின்று, இழுத்துக் கட்டிய நைலான் துணியின் மீது அமிலத்தைப் பீய்ச்சியபோது, அமிலம் கையிலிருந்து புறப்படும்வரை சிதைப்பு, துணியில் பட்ட பின் சிதைவு. இவ்வளவு நுட்பத்தை ஒரே அடியில் இரண்டு விகுதிகளால் சொல்லிவிடும் மொழி நம்முடையது. அதைக் கைவிட்டுவிட்டு, தமிழில் கலைச்சொல் போதவில்லை என்று புலம்புவதில் பொருளில்லை.

‘இயக்கம்’ பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இயங்குதல், இயக்குதல் இரண்டுக்கும் அதுவே பெயர். அரசியல் அமைப்புக்கும், திரைப்பட இயக்குநரின் தொழிலுக்கும், கலை வரலாற்றில் ஒரு கூட்டப் போக்குக்கும் அதுவே. கலை பற்றிய எழுத்தில் ‘இயக்கம்’ ஏற்கெனவே அந்தக் கடைசிப் பொருளில் அமர்ந்துவிட்டதால், படைப்பு கண்முன் நகர்வதைச் சொல்ல ‘அசைவு’ என்பதே தெளிவு. பழைய வழக்கில் அசைவு சோர்வையும் குறித்தது, 371-ஆம் குறளின் ‘அசைவின்மை’ அதற்குச் சான்று; இன்று அப்படி எடுத்துக்கொள்பவர் இல்லை. சிற்பி அலெக்சாண்டர் கால்டரின் நகரும் சிற்பங்களுக்கு 1931-இல் கலைஞர் மார்செல் டூஷாம்ப் இட்ட ‘மொபைல்’ என்ற பெயரை அப்படியே எழுதினால் இன்று எல்லோரும் கைப்பேசியைத்தான் நினைப்பார்கள்; ‘அசையும் சிற்பம்’ என்றால் குழப்பமில்லை. சிதைப்பும் அசைவும் பிரிக்க முடியாமல் ஒன்றாகும் இடத்துக்கு, சிற்பி ழான் டாங்கெலி 1960 மார்ச் 17 அன்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் தோட்டத்தில் ஓடவிட்ட இயந்திரத்தைக் காட்டலாம். மிதிவண்டிச் சக்கரங்கள், பியானோ, மோட்டார்கள் எல்லாம் சேர்ந்து அசைந்து, அந்த அசைவினாலேயே 27 நிமிடங்களில் தன்னைச் சிதைத்துக்கொண்டது. இதை ‘அழிவு இயக்கம்’ என்று எழுதிப் பார்த்தால் கோளாறு விளங்கும்.

அட்டையை எழுதியவர் யாரென்று எனக்குத் தெரியாது. மாணவி எழுதவில்லை என்று மட்டும் அவரிடம் பேசியபோது தெரிந்தது. “நானும் வர்றவங்களும் சேர்ந்துதான் சிதைக்கிறோம்” என்றார். கைப்பிடிக்குப் பக்கத்தில் அவரே பென்சிலால் எழுதி ஒட்டிய துண்டுத்தாளில் இரண்டு சொற்கள் இருந்தன: ‘சுற்றுங்கள். கரையும்.’