மாவுக்கட்டோடு பள்ளிக்குப் போகலாமா?

கால் முறிந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தியை அவளுடைய அப்பா என்னிடம் அழைத்து வந்தார். முழங்காலுக்குக் கீழே முறிவு. எட்டு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்தும் ஐந்து வாரம் ஆகியிருந்தது. எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாகக் கூடியிருந்தது. நடையில் லேசான நொண்டல் மட்டும். "பள்ளிக்கூடம் போகிறாளா?" என்று கேட்டேன். "எங்க மேடம், கால் இன்னும் முழுசா சரியாகலையே" என்றார். அவள் ஒன்றும் பேசாமல் குனிந்துகொண்டாள்.

மூன்றாவது நாள் பயிற்சியின்போது அப்பா டீ குடிக்க வெளியே போயிருந்தார். அப்போதுதான் மெல்லச் சொன்னாள். "அக்கா, எங்க ஸ்கூல்ல எல்லாமே கீழ உக்கார்ற பாத்ரூம்தான். என்னால உக்கார முடியல." வீட்டில் நாற்காலி போட்டுச் சமாளித்துக்கொண்டிருக்கிறாள். பள்ளியில் காலை ஒன்பது மணியிலிருந்து சாயங்காலம் நாலு மணிவரை என்ன செய்வது? மாதவிடாய் நாட்களில் என்ன செய்வது? இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வாள்? "கால் வலிக்குது" என்று மட்டும் சொல்லிவந்திருக்கிறாள். பதின்மூன்று வாரப் படிப்பு போயிருந்தது. அதில் கடைசி ஐந்து வாரம் எலும்புக்காகப் போனதே இல்லை.

விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சிறிய ஊரில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். கை கால் முறிந்த பிள்ளைகள் வாராவாரம் வருகிறார்கள். கொய்யா மரத்திலிருந்து விழுந்தவர்கள், சைக்கிளிலிருந்து விழுந்தவர்கள், பைக்கின் பின்சக்கரக் கம்பிக்குள் கால் மாட்டிக் குதிகால் கிழிந்தவர்கள். பிள்ளைகளின் எலும்பு பெரியவர்களின் எலும்பைவிட வேகமாகக் கூடும். முழங்கைக்கு மேலே முறிந்து கம்பி வைத்தால் பெரும்பாலும் மூன்று நான்கு வாரத்தில் கம்பியை எடுத்துவிடுவார்கள். முன்கை எலும்புக்கு ஆறு வாரம் போல ஆகும். முழங்காலுக்குக் கீழே என்றால் ஆறிலிருந்து பத்து வாரம். ஆனால் நான் பார்க்கும் பிள்ளைகளில் நிறையப் பேர் இந்தக் கணக்கைத் தாண்டி வீட்டிலேயே இருக்கிறார்கள். ஏன் என்று யாரும் அவர்களிடம் கேட்பதில்லை.

டாக்டர் "ஆறு வாரம் ரெஸ்ட்" என்று எழுதுகிறார். அவர் சொல்வது அந்தக் கைக்கு, அந்தக் காலுக்கு. வீட்டில் அது பிள்ளைக்கே ரெஸ்ட் என்று ஆகிவிடுகிறது. ஒரு கையில் கட்டோடு இருக்கும் பிள்ளை, வீக்கமும் வலியும் அடங்கிய பிறகு, சில நாட்களில் அல்லது ஒரு வாரத்தில் வகுப்பில் போய் உட்காரலாம். எழுத முடியாதுதான். ஆனால் காது கேட்கிறது, கண் பார்க்கிறது, பக்கத்தில் சிநேகிதன் இருக்கிறான். அதனால் டாக்டரிடம் "கட்டு எப்போ பிரிப்பீங்க?" என்று கேட்கும்போதே "எந்த நாளிலிருந்து ஸ்கூலுக்கு அனுப்பலாம்?" என்றும் கேளுங்கள். இரண்டுக்கும் ஒரே பதில் வருவது அபூர்வம்.

முதல் இரண்டு மூன்று நாள் மட்டும் வீட்டில் வைத்துக் கவனமாகப் பார்க்க வேண்டும். அடிபட்ட கையையோ காலையோ தலையணை மேல் உயர்த்தி வையுங்கள். விரல்களை அசைக்கச் சொல்லுங்கள். மருந்து கொடுத்தும் வலி ஏறிக்கொண்டே போகிறது, விரலை நிமிர்த்தினால் துடிக்கிறான், விரல் வெளுக்கிறது அல்லது நீலமாகிறது, மரத்துப்போகிறது என்றால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அந்த இரவே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சின்னப் பிள்ளைக்கு இதைச் சொல்லத் தெரியாது. காரணமில்லாமல் அழும், பதறும், ஒரு நிலையில் இருக்காது. உள்ளே ரத்த ஓட்டம் தடைபட்டால் சில மணி நேரத்திலேயே தசை செத்துப்போகும். மாவுக்கட்டிலும் இது நடக்கலாம், மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டும் நாட்டுக்கட்டிலும் நடக்கலாம். அப்படிச் சுருங்கி மடங்கிப்போன விரல்களோடு வந்த பிள்ளைகளுக்கு நான் பயிற்சி கொடுத்திருக்கிறேன். அந்தக் கை பழையபடி ஆகாது.

கட்டு பிரித்ததும் இன்னொரு தவறு நடக்கிறது. முழங்கை மடங்கவில்லை, நீட்ட வரவில்லை என்று எண்ணெய் போட்டு உருவி, இழுத்து, மடக்கிவிடுவது. பாட்டிமார் அன்போடுதான் செய்கிறார்கள். ஆனால் முழங்கையை உருவி இழுத்தால் தசைக்குள்ளேயே எலும்பு படர்ந்து மூட்டு இன்னும் இறுகிவிடக்கூடும். பிள்ளையே தன் கையால் சாப்பிட, தலைவார, பந்து பிடிக்க விடுங்கள். வாரங்களில், சிலருக்கு மாதங்களில், தானாகத் திரும்பும். இது முழுதாகச் சரியாகும்வரை பள்ளியை நிறுத்திவைக்கத் தேவையே இல்லை.

சரி, பள்ளிக்கு அனுப்பலாம் என்று முடிவானதும் முதல் வேலை ஒரு கடிதம். "மெடிக்கல் லீவ் தேவை" என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு ஆசிரியரால் ஒன்றும் செய்ய முடியாது. பிள்ளையால் என்ன முடியும், என்ன முடியாது என்று அதில் இருக்க வேண்டும். வலது கையால் எழுத முடியாது, வாயால் பதில் சொல்லலாம். தரையில் உட்கார முடியாது, பெஞ்சில் உட்காரலாம். பிரேயரில் நிற்க வேண்டாம். விளையாட்டு வகுப்பு இந்தத் தேதிவரை கூடாது. அடுத்த பரிசோதனை இந்த நாள். டாக்டரிடம் கேட்டால் எழுதித் தருவார். கேட்காவிட்டால் அவருக்கு அந்தக் கூட்டத்தில் நினைவு வராது. நான் இப்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் இப்படி ஒன்று தமிழிலேயே எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

அப்புறம் கழிப்பறை. அந்தப் பெண் சொன்ன நாளிலிருந்து, காலில் அடிபட்டு வரும் ஒவ்வொரு பிள்ளையிடமும் இதைத்தான் முதலில் கேட்கிறேன். பத்தில் ஏழெட்டுப் பேர் தலையாட்டுகிறார்கள். முழங்கால் மடங்காத பிள்ளையால் குத்தவைத்து உட்கார முடியாது. கட்டு பிரித்த பிறகும் மூட்டு கடைசியாகத் திரும்பப் பெறும் அசைவு இந்தக் குத்தவைப்புத்தான். நடக்க முடிகிறதே என்று நாம் அனுப்புகிறோம். பிள்ளையோ காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கிறது. ஒரு பையன் மத்தியானச் சாப்பாட்டையே விட்டிருந்தான். மலச்சிக்கல், சிறுநீர் எரிச்சல் என்று இன்னொரு பக்கம் கிளம்புகிறது. கடைசியில் "தலை வலிக்குது, நான் போகல" என்று நிற்கிறது.

பல அரசுப் பள்ளிகளில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கென்று மேல்நாட்டுக் கழிப்பறையும் கைப்பிடியும் சாய்தளமும் கட்டியிருக்கிறார்கள். அந்தப் பெண்ணின் பள்ளியிலும் இருந்தது. பூட்டிக் கிடந்தது. உள்ளே பழைய பெஞ்சுகளை அடுக்கிவைத்திருந்தார்கள். அவளுடைய அம்மா போய்க் கேட்ட அன்றைக்கே தலைமையாசிரியை அதைக் காலி செய்து கழுவிக் கொடுத்தார். இத்தனை நாளும் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். உங்கள் பிள்ளையின் பள்ளியில் அப்படி ஒன்று இல்லையென்றால் மருந்துக்கடைகளில் கழிப்பறைமேல் வைக்கும் ஸ்டூல் கிடைக்கும். ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டால் அடுத்து அடிபடும் பிள்ளைக்கும் உதவும். கூடப் போய் வர ஒரு சிநேகிதியை டீச்சரே நியமித்துவிட வேண்டும். பிள்ளையாக வாய்விட்டு யாரையும் கேட்காது.

ஊன்றுகோலோடு போகும் பிள்ளைக்கு வகுப்பு மாடியில் இருந்தால், அந்த வகுப்பையே சில வாரம் கீழே மாற்ற முடியுமா என்று கேளுங்கள். கேட்ட இடங்களில் பெரும்பாலும் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். படியேறித்தான் ஆக வேண்டும் என்றால், ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட காலும் ஊன்றுகோலும் முதலில். ஊன்றுகோலின் மேல்முனை கக்கத்தைத் தொடக் கூடாது, இரண்டு மூன்று விரல்கடை இடைவெளி வேண்டும். பாரம் உள்ளங்கையில் இறங்க வேண்டும். அடியில் இருக்கும் ரப்பர் தேய்ந்துவிட்டால் ஈரத் தரையில் வழுக்கிவிடும். ஆறு ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளால் ஊன்றுகோலைச் சமாளிக்க முடிவதில்லை, வாக்கர்தான் சரி. மணியடிக்கப் பத்து நிமிடம் முன்னாலேயே வகுப்பிலிருந்து விட்டுவிடச் சொல்லுங்கள். ஷேர் ஆட்டோவில் போகிற பிள்ளை என்றால் ஓரத்தில் உட்கார வேண்டாம். டிரைவர் அண்ணனிடம் நீங்களே ஒருமுறை நேரில் சொல்லிவிடுங்கள்.

சில பிள்ளைகளால் உண்மையிலேயே போக முடியாது. தொடை எலும்பு முறிந்து, இடுப்பிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டு போட்ட சின்னப் பிள்ளைகள். அப்படி ஒரு முதல் வகுப்புப் பையன். அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர், ஒரு மாதம் கூலி இழந்து வீட்டில் இருந்தார். அந்த வீட்டில் எனக்குப் பிடித்த ஒன்று நடந்தது. பக்கத்துத் தெருவில் இருந்த அவனுடைய வகுப்புத் தோழி சாயங்காலம் நேராக அவன் கட்டிலுக்கு வந்துவிடுவாள். அன்றைக்கு டீச்சர் என்ன பாட்டு சொல்லிக்கொடுத்தார், யார் யாரை அடித்தான், சத்துணவில் முட்டை பெரிசா சிறிசா என்று எல்லாம் சொல்வாள். அவன் படுத்துக்கொண்டே சிலேட்டில் எழுதுவான். டீச்சர் வாட்ஸ்அப்பில் கரும்பலகைப் படம் அனுப்பிக்கொண்டுதான் இருந்தார். நல்ல மனசு. ஆனால் அந்தப் படங்களைவிட அந்தப் பெண் குழந்தை கொண்டுவந்த சேதிகள்தான் அவனைப் பள்ளியோடு கட்டிப்போட்டிருந்தன. கட்டு பிரித்த பிறகு அவன் ஒருநாள்கூட மறுக்கவில்லை. வீட்டில் இருக்கும் பிள்ளைக்குக் கல்வித் தொலைக்காட்சி இருக்கிறது, பாடப்புத்தகத்திலேயே க்யூஆர் குறியீடு இருக்கிறது. இருந்தாலும் வாரத்துக்கு இரண்டு நாளாவது வகுப்புப் பிள்ளை ஒன்று வீட்டுப்படி ஏறி வரும்படி பாருங்கள். எழுந்திருக்கும் நேரத்தையும் மாற்றாதீர்கள். இரவு பன்னிரண்டுவரை செல்போனும் காலை பத்துவரை தூக்கமும் பழகிவிட்டால், கால் சரியானாலும் பிள்ளை கிளம்பாது.

இப்போது ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். திரும்பி வரும் பிள்ளையிடம் "விட்டுப்போன நோட்ஸ் எல்லாத்தையும் எழுதி முடிச்சிட்டு வா" என்று சொல்லாதீர்கள். ஐந்து பாடம், ஆறு வாரம். கட்டு பிரித்த கையில் தசை சூம்பிப் போயிருக்கும், கால் மணி நேரம் பேனா பிடித்தாலே மணிக்கட்டு கடுக்கும். என்னிடம் வந்த ஒரு பையனுக்கு அவன் அம்மா ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவன் அதில் ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. நோட்டை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிடலாம். அந்த நேரத்தில் கணக்கைப் பாருங்கள். வரலாற்றில் ஒரு பாடம் விட்டுப்போனால் அடுத்த பாடம் புரியும். பின்னம் தெரியாமல் விகிதம் வராது. விட்டுப்போன கணக்குப் பாடத்தில் தினமும் இரண்டு எடுத்துக்காட்டு போட்டால் போதும், ஒரு மாதத்தில் பிடித்துவிடுவான்.

"இந்த வருஷம் போகட்டும், அடுத்த வருஷம் புதுசா சேர்த்துக்கலாம்" என்று சொல்லும் பெற்றோரும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். தமிழ்நாட்டில் மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் எட்டாம் வகுப்புவரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்திவைப்பதில்லை. சிபிஎஸ்இ பள்ளியில் 10, 12ஆம் வகுப்பு என்றால் பொதுத்தேர்வு எழுத 75 சதவீத வருகை வேண்டும். உடல்நிலை காரணமாகக் குறைந்தால் சலுகை கேட்கலாம், அதற்கு மருத்துவச் சான்றும் சிகிச்சை அறிக்கைகளும் வேண்டும். ஆகவே ஓ.பி. சீட்டிலிருந்து எக்ஸ்ரேவரை எதையும் தூக்கிப் போடாதீர்கள். தேர்வு நேரத்தில் எழுதும் கை முறிந்தால், சொல்வதை எழுதுபவரைக் கேட்டுத் தலைமையாசிரியர் வழியாக உடனே விண்ணப்பியுங்கள். அதுவும் முடியாமல் போனால் ரிசல்ட்டுக்குப் பின் துணைத்தேர்வு இருக்கிறது. படிப்பு நின்றுபோகிற ஆபத்து எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்குத்தான் அதிகம். மூன்று மாதம் வீட்டில் இருந்தவள் சமையலையும் தம்பியையும் பார்த்துக்கொள்ளத் தொடங்கிவிடுகிறாள். பிறகு வீட்டுக்கு அவள் தேவைப்படுகிறாள்.

தலையில் அடிபட்ட பிள்ளையின் கதை வேறு. வெளியே காயமே இருக்காது. ஆனால் படித்தால் தலைவலி, வெளிச்சமும் சத்தமும் ஆகாது. ஓரிரு நாள் ஓய்வுக்குப் பிறகு டாக்டர் சொல்கிறபடி அரை நாள், முக்கால் நாள் என்று கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும். விளையாட்டு கடைசியில். அடிபட்டதில் நிரந்தரமாக நடக்க முடியாமல் போன பிள்ளைகளுக்கு, பள்ளிகளுக்கு உதவ அரசு நடத்தும் வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியரும் பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கே வரும் ஏற்பாடு இருக்கிறது. பள்ளியில் கேளுங்கள்.

கைகால் முறிந்த பிள்ளைகளுக்கும் முதல் நாளே முழுநாள் வேண்டியதில்லை. நான் வியாழக்கிழமையில் தொடங்கச் சொல்வேன். இரண்டு நாளில் சனி ஞாயிறு வந்துவிடும், பிள்ளை மூச்சு விட்டுக்கொள்ளும்.

பள்ளி மாடிப்படியிலேயே விழுந்து கை முறிந்த ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் என்னிடம் வந்தான். எலும்பு கூடியது, கையும் நன்றாக நீண்டது. காலையில் மட்டும் வாந்தி எடுத்தான். திட்டியும் பார்த்தார்கள், சைக்கிள் வாங்கித் தருவதாகச் சொல்லியும் பார்த்தார்கள். "அந்தப் படியைப் பார்த்தா கால் நடுங்குது" என்று என்னிடம் சொன்னான். அவன் அப்பாவிடம் பேசினேன். அவர் வாட்ச்மேனிடம் சொல்லி ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பள்ளி காலியாக இருக்கும்போது அவனைக் கூட்டிப்போனார். முதலில் கீழ்ப்படியில் இரண்டு பேரும் உட்கார்ந்து கடலை மிட்டாய் தின்றார்களாம். பிறகு ஒவ்வொரு படியாக, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினார்கள், இறங்கினார்கள். ஏழெட்டுத் தடவை. கடைசித் தடவை அப்பாவைக் கீழேயே நிற்கச் சொல்லிவிட்டு அவன் மட்டும் ஏறிப்போய் மேலேயிருந்து கையை ஆட்டினான். திங்கட்கிழமை காலை அவன் வாந்தி எடுக்கவில்லை.