சோஷியல் மீடியா மார்க்கெட்டிங்: தமிழில் என்ன சொல்வது?

ஒரு வலைத்தளமோ வலைப்பதிவோ தொடங்கி, பத்துக் கட்டுரை எழுதி, யாரும் வந்து பார்க்கவில்லை என்று தெரிந்த பிறகு எல்லோர் காதிலும் விழுகிற வாக்கியம் ஒன்று உண்டு: "சோஷியல் மீடியா மார்க்கெட்டிங் பண்ணுங்க." சரி, அதில் என்ன பண்ண வேண்டும் என்று கேட்டால், "எல்லா இடத்திலும் லிங்க் போடணும்" என்பதற்கு மேல் பதில் வருவது அபூர்வம். தமிழில் இதற்குச் சமூக ஊடகச் சந்தைப்படுத்தல் என்ற சொல் நிலைத்துவிட்டது. மூன்று சொல்லுக்கு மூன்று சொல், கணக்குச் சரிதான். ஆனால் கடைசிச் சொல் எனக்குக் கொஞ்சம் இடிக்கிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

லத்தீனில் மெர்க்ஸ் என்றால் சரக்கு. மெர்காட்டுஸ் என்றால் வாங்கல் விற்றலும், அது நடக்கிற இடமும். மார்க்கெட் அங்கிருந்து வந்தது. மார்க்கெட்டிங் என்ற சொல் ஆங்கிலத்தில் 16ஆம் நூற்றாண்டிலேயே இருக்கிறது. அப்போது அதன் பொருள் சந்தையில் வாங்குவது, விற்பது, அவ்வளவுதான். வீட்டுக்குச் சாமான் வாங்கச் சந்தைக்குப் போய்வருவதையும் அந்தச் சொல்லாலேயே குறித்தார்கள். ஒரு பொருளைப் பலர் அறியச் செய்து, வேண்டும் என்று எண்ண வைத்து, விற்கிற மொத்த வேலைக்கும் அது பெயரானது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். அதாவது பழைய மார்க்கெட்டிங்கில் முதல் வேலை, எழுந்து சந்தைக்குப் போவது. அங்கே யார் இருக்கிறார்கள், என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதெல்லாம் போனால்தானே தெரியும்?

தமிழில் வணிகவியல் பாடநூல்கள் சந்தையிடுகை என்கின்றன. செய்தித்தாளும் இணையமும் சந்தைப்படுத்தல் என்கின்றன. புழக்கத்தில் வென்றது இரண்டாவது சொல். 'படுத்து' ஒட்டினால் ஒன்றை ஒரு நிலைக்குக் கொண்டுவருவது என்று பொருள்: மேம்படுத்து, ஒழுங்குபடுத்து, நடைமுறைப்படுத்து. செய்கிற ஆள் ஒருவர், செய்யப்படுகிற பொருள் ஒன்று. எதிரில் யாராவது இருக்கிறார்களா என்று அந்த வினை கேட்பதே இல்லை. போதாததற்குப் பேச்சில் "ரொம்பப் படுத்தாதே" என்றால் தொல்லை கொடுக்காதே என்று அர்த்தம்.

நானும் படுத்தியிருக்கிறேன். பதிவு எழுதத் தொடங்கிய புதிதில், ஒரே இணைப்பை, ஒரே வாக்கியத்தோடு, ஒரே மாலையில் பதினோரு குழுக்களில் போட்டேன். "எனது புதிய பதிவு, படித்துக் கருத்துச் சொல்லவும்." இரண்டு குழுக்கள் என்னை நீக்கிவிட்டன. மற்றவற்றில் சத்தமே இல்லை. மறுநாள் ஒருவர் மட்டும் எழுதியிருந்தார்: "எதைப் பத்தின்னு சொன்னா படிக்கலாம்." நான் சந்தைக்கே போகவில்லை, வாசலில் நின்று சரக்கை உள்ளே வீசிவிட்டு வந்திருக்கிறேன் என்று புரிய எனக்கு அந்த ஒரு வரி தேவைப்பட்டது.

அடுத்தது மீடியா. இது பன்மைச் சொல். ஒருமை மீடியம், லத்தீன் மீடியுஸ், நடுவில் இருப்பது. இதற்கு நமக்குக் கிடைத்த ஊடகம் என்ற சொல்லைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. ஊடு என்றால் இடை, நடு, உள்வழி. ஊடாக, ஊடே, ஊடுருவு எல்லாம் அந்தக் குடும்பம். தறியில் நீளவாக்கில் ஓடுவது பாவு, அதன் குறுக்கே புகுந்து போவது ஊடு. மீடியுஸ் சொல்வது நடுவில் இருப்பதை மட்டும். ஊடகமோ நடுவில் புகுந்து அந்தப் பக்கம் போவதையும் சேர்த்துச் சொல்கிறது. (காதலர் பிணங்குகிற ஊடல் வேறு. இரண்டும் ஒரே வீட்டில் நடப்பது உண்டு என்பதைத் தவிர வேறு சொந்தம் இல்லை.)

தளம் நடத்துகிறவருக்கு இந்த 'ஊடே போவது' மிக முக்கியம், ஏனென்றால் ஊடகத்துக்கு ஊடகம் வழிவிடும் அளவு மாறும். இன்ஸ்டாகிராமில் படத்துக்குக் கீழே இணைப்பை எழுதினால் அது வெறும் எழுத்தாகக் கிடக்கும், அழுத்தினால் திறக்காது. சுயவிவரப் பக்கத்தில் வைத்த இணைப்புதான் வேலை செய்யும். பின்டரெஸ்டில் படமே கதவு, அழுத்தினால் உங்கள் பக்கத்துக்குப் போகலாம். யூடியூபில் காணொளிக்குக் கீழே உள்ள விளக்கத்தில் இடம் உண்டு, ஆனால் அந்த விளக்கத்தைத் திறந்து பார்ப்பவர் குறைவு. எங்கே கூட்டம் அதிகம் என்று பார்த்து இடம் பிடிப்பதைவிட, உங்கள் சரக்கு எந்த வடிவில் இருக்கிறது, அந்த ஊடகம் ஆளை ஊடே விடுகிறதா என்று பார்த்து ஒன்றையோ இரண்டையோ எடுத்துக்கொள்வது நல்லது. ஆறு இடத்தில் கணக்குத் திறந்து ஆறிலும் ஈயாட வைப்பவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

சோஷியல் என்பதற்கு வேர் சோசியுஸ், அதாவது தோழன், கூட்டாளி. தமிழில் சமூகம். வடமொழி சமூஹ என்பதிலிருந்து வந்தது, திரள் என்று பொருள். தோழன் எங்கே, திரள் எங்கே! மொழிமாற்றத்தில் உறவு போய்க் கூட்டம் மட்டும் தங்கிவிட்டது. சமூக ஊடகம் என்றதும் நமக்கு ஆயிரம் தலைகள் நினைவுக்கு வருவதும், பின்தொடர்பவர் எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு தொங்குவதும் அதனால்தானோ என்னவோ. இதற்குப் பக்கத்தில் இன்னொரு சொல் இருக்கிறது: குறில் போட்ட சமுகம். அது சம்முக என்பதிலிருந்து வந்தது, முன்னிலை என்று பொருள். 'தேவ சமுகம்' என்று கிறித்தவத் தமிழில் இன்றும் உண்டு. ஒருவர் கேட்டதற்குப் பதில் எழுத அங்கே ஆளாக இருப்பது என்ற பொருளுக்கு இந்தச் சமுகம்தான் நெருக்கம். எழுத்துப்பிழை என்று திருத்திவிடுவார்கள், அதனால் சிபாரிசு செய்யவில்லை.

சமூக வலைத்தளம் என்றும் எழுதுகிறார்கள். செய்திகளில் இதுதான் அதிகம். எனக்கு ஒத்துவரவில்லை. இணையத்தைக் குறிக்கும் வெப் சிலந்தியின் வலை, நெட்வொர்க்கில் இருக்கும் நெட் மீனவரின் வலை. ஆங்கிலத்தில் இரண்டும் வேறு, தமிழில் இரண்டும் வலை. ஆகவே வலைத்தளம் என்றால் உங்கள் சொந்தத் தளமா, ஃபேஸ்புக்கா என்று குழம்பும். 'என் வலைத்தளத்தைச் சமூக வலைத்தளத்தில் பகிர்ந்தேன்' என்ற வாக்கியத்தை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். சொந்தத் தளத்துக்கு வலைத்தளம், மற்றதற்குச் சமூக ஊடகம் என்று பிரித்துக்கொண்டால் தீர்ந்தது.

பிளாக் என்ற சொல்லின் கதை இன்னும் சுவையானது. 1997 டிசம்பரில் ஜோர்ன் பார்கர் என்பவர் தான் இணையத்தில் படித்தவற்றைக் குறித்துவைக்கும் பக்கத்துக்கு வெப்லாக் என்று பெயர் சொன்னார். 1999இல் பீட்டர் மெர்ஹோல்ஸ் அதை விளையாட்டாக 'வீ பிளாக்' என்று உடைத்தார், பின்பாதி தனிச் சொல்லாக ஒட்டிக்கொண்டது. லாக் என்றால் மரக்கட்டை. கப்பலின் வேகத்தை அளக்க, முடிச்சுப் போட்ட கயிற்றில் கட்டையைக் கட்டிக் கடலில் எறிவார்கள். குறித்த நேரத்தில் எத்தனை முடிச்சு ஓடியது என்று எண்ணி ஒரு புத்தகத்தில் எழுதுவார்கள். அந்தப் புத்தகம் லாக் புக். கப்பலின் வேகத்தை இன்றும் நாட் என்று சொல்வது அந்த முடிச்சின் நினைவாகத்தான். இதைப் பார்த்தால் வலைப்பதிவு எவ்வளவு பொருத்தம்! பதிவு என்பது குறித்துவைத்ததுதானே. வலைப்பூ அழகான சொல், ஆனால் அதில் கட்டையும் இல்லை, கயிறும் இல்லை.

பகிர்தல், இன்னொரு நல்ல சொல். பகு, பகுதி, பங்கு, பகிர் எல்லாம் ஓரினம். ஷேர் என்பதும் பழைய ஆங்கிலத்தில் வெட்டியெடுத்த துண்டைக் குறித்த சொல்தான். இரண்டு மொழியிலும் பகிர்ந்தால் கையில் இருப்பது குறையும். இணையத்தில் மட்டும் குறையாது. அதனாலேயே கை தாராளமாகிவிடுகிறது.

பகிரும்போது உங்கள் பக்கம் எப்படித் தெரியும் என்பதைப் பலர் பார்ப்பதே இல்லை. இணைப்பை ஒட்டியதும் படம், தலைப்பு, இரண்டு வரி கொண்ட ஓர் அட்டை தோன்றுகிறதே, அது உங்கள் பக்கத்தின் நிரலில் இருக்கும் ஓப்பன் கிராஃப் என்ற குறிப்புகளிலிருந்து வருகிறது. ஃபேஸ்புக் 2010இல் கொண்டுவந்தது, பிறகு மற்றவையும் படிக்கத் தொடங்கின. குறிப்பு இல்லை என்றால் ஏதாவது ஒரு படத்தை அதுவே பொறுக்கிக்கொள்ளும், சில நேரம் பக்க ஓரத்து விளம்பரப் படத்தைக்கூட. 1200க்கு 630 புள்ளி (பிக்சல்) அளவில் ஒரு படம் வைத்தால் பெரும்பாலான இடங்களில் ஒழுங்காக வரும். பகிர்ந்த பிறகு தலைப்பைத் திருத்தினால் பழைய தலைப்பே வந்துகொண்டிருக்கும், ஏனென்றால் அட்டையைச் சேமித்து வைத்துக்கொள்வார்கள். மறுபடி எடுக்கச் சொல்வதற்கு ஃபேஸ்புக்கிலேயே ஒரு கருவி உண்டு.

தமிழில் எழுதுகிறவருக்குத் தனியாக ஒரு தலைவலி இருக்கிறது. 'தமிழ்' மூன்றெழுத்து என்று பாட்டு பாடலாம், கணினிக்கு அது ஐந்து: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. எக்ஸ் தளத்தின் 280 எழுத்து வரம்பு இப்படித்தான் எண்ணுகிறது. இணைப்பு எவ்வளவு நீளமானாலும் அங்கே 23ஆகக் கணக்கு, அது ஆறுதல். ஆனால் பக்கத்தின் முகவரியைத் தமிழிலேயே வைத்து, அதை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால், பெரும்பாலும் தமிழ் மறைந்து சதவீதக் குறியும் எண்ணும் ரோமன் எழுத்துமாக ஒரு ரயில் வண்டி நீளும். ஐந்து குறியும் ஒவ்வொன்று ஒன்பது இடம் எடுத்து, 'தமிழ்' என்ற ஒரு சொல் மட்டும் 45 இடத்தை அடைத்துக்கொள்ளும். பார்ப்பவர் ஏதோ வைரஸ் என்று பயந்து தொடாமல் விடுவார். முகவரியை மட்டும் ரோமன் எழுத்தில் சுருக்கமாக வைப்பதில் மொழித் துரோகம் ஒன்றும் இல்லை.

யார் எங்கிருந்து வந்தார்கள் என்று அறிய இணைப்பின் வாலில் யு.டி.எம். குறிகளைச் சேர்ப்பார்கள். யு என்பது அர்ச்சின், ஒரு மென்பொருள் நிறுவனத்தின் பெயர். சொல்லாகப் பார்த்தால் முள்ளெலி. 2005இல் கூகுள் அதை வாங்கி, தளத்துக்கு வருகிறவர்களைக் கணக்கிடும் கூகுள் அனலிட்டிக்ஸாக்கியது, பெயர் வாலில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதில் நிரப்ப வேண்டியவை முக்கியமாக மூன்று: சோர்ஸ், மீடியம், கேம்பெய்ன். மூலம், ஊடகம், பரப்புரை. நம் பழைய மீடியம் அதே ஒருமையில் இங்கே உட்கார்ந்திருக்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய இணைப்பில் இந்த வால் இல்லை என்றால், அங்கிருந்து வந்தவர்கள் முகவரியைத் தாங்களே தட்டி வந்தவர்களோடு கலந்துவிடுவார்கள். சிறிய எழுத்தும் பெரிய எழுத்தும் வேறு வேறாக எண்ணப்படும், அதனால் எப்போதும் சிறிய எழுத்திலேயே எழுதிப் பழகுங்கள்.

அப்படியானால் எந்தச் சொல்? தலைப்புக்கும் அறிக்கைக்கும் சமூக ஊடகச் சந்தைப்படுத்தல் இருக்கட்டும், எல்லோருக்கும் புரிகிறது. விளம்பரம் என்று சொல்லிவிடலாமே என்பார்கள். விளம்பு என்றால் அறியச் சொல்லுதல், பரிமாறுதல் என்றும் பொருள் உண்டு. வேர் அருமை, ஆனால் இன்று விளம்பரம் என்றால் காசு கொடுத்துப் போடுவது என்றாகிவிட்டது. நான் பேசும்போதும் எழுதும்போதும் கொண்டுசேர்த்தல் என்கிறேன். 'இந்தக் கட்டுரையை யாரிடம் கொண்டுசேர்க்கப் போகிறாய்?' இந்த வினைக்கு ஓர் ஆள் வேண்டும், ஆள் இல்லாமல் வாக்கியமே முடியாது.

நீளமான சொல்லையே எழுதுவதென்றால் ஊடக என்பதற்குப் பின் ஒரு 'ச்' வரும், விட்டுவிடாதீர்கள். ஹேஷ்டேக்கில் இது இலக்கணத்தோடு நிற்காது. 2007 ஆகஸ்டில் கிறிஸ் மெசினா ட்விட்டரில் முன்மொழிந்த அந்தக் குறி, ஒரே சொல்லைப் போட்ட பதிவுகளை ஒரு கொத்தாகக் கட்டுகிறது. தமிழில் கொத்துக்குறி என்பது அதனால்தான். இடைவெளி விட்டால் குறி அந்த இடத்தோடு அறுந்துபோகும். ஒற்றோடு எழுதியது ஒரு கொத்து, ஒற்றில்லாமல் எழுதியது இன்னொரு கொத்து. போடுவதற்கு முன் இரண்டையும் தேடிப் பார்த்து, எதில் ஆள் இருக்கிறார்கள் என்று பாருங்கள்.