ஸ்கா பங்க்: பெட்ரோல் பங்க் அல்ல

தமிழில் ‘பங்க்’ என்று எழுதினால் முதலில் நினைவுக்கு வருவது பெட்ரோல்தான். அதன் முன்னால் ‘ஸ்கா’வைச் சேர்த்தால் ஏதோ புதிய எண்ணெய் நிறுவனம் போலிருக்கும். இது இசை வகை. இரண்டு சொல், இரண்டு ஊர், இரண்டு தலைமுறை ஒட்டிக்கொண்டு பிறந்த பெயர்.

முதலில் ஸ்கா. இதற்கு அகராதிப் பொருள் தேடிப் பயனில்லை, ஏனென்றால் இது பெரும்பாலும் ஓசையைக் கேட்டு வைத்த பெயர். ஜமைக்கா கிடார் கலைஞர் எர்னஸ்ட் ராங்லின், கிடாரை ‘ஸ்கட் ஸ்கட்’ என்று சுரண்டி வாசிப்பதைக் குறிக்க வாத்தியக்காரர்கள் பேச்சில் வந்த சொல் என்றார். கிளூ ஜே என்ற பேஸ் (தாழ்ந்த சுரத் தந்தி வாத்தியம்) கலைஞர் நண்பர்களைப் பார்த்தால் ‘ஸ்காவூவி’ என்று கூவுவார், அதிலிருந்து வந்தது என்று இன்னொரு கதை. எனக்கு முதல் கதைமேல்தான் சாய்வு. நம் ‘கிலுகிலுப்பை’ எப்படிப் பெயர் பெற்றது என்று யோசித்தால் போதும்.

அந்த ஓசை எங்கே விழுகிறது என்பதுதான் விஷயம். தொடையில் சீராக நான்கு தட்டுங்கள். தட்டும்போது வாய் மூடியிருக்கட்டும். கை மேலே எழும்பும் நேரத்தில் மட்டும் ‘சக்’ என்று சொல்லுங்கள். ஒன்று-சக், இரண்டு-சக், மூன்று-சக், நான்கு-சக். அதுதான் ஸ்கா கிடார். வலது கை கம்பிகளைக் கீழிருந்து மேலாக இழுக்கும், இடது கை உடனே அழுத்தத்தைத் தளர்த்தி ஒலியை அமுக்கிவிடும். அதனால்தான் அந்த வறண்ட, குட்டையான வெட்டு. அடியில் பேஸ் கிடார் நான்கு தட்டிலும் ஏறி இறங்கி நடந்துகொண்டிருக்கும்.

மெல்லிசைக் குழுக்களில் இதை ‘ஆஃப் பீட்’ என்பார்கள். கர்நாடக இசை தெரிந்தவர்கள் ‘அரை இடம்’ என்று சொல்லக்கூடும். கிட்டத்தட்ட சரி, ஆனால் அரை இடம் என்பது பாட்டு எடுக்கும் இடத்தைச் சொல்வது. ஸ்காவில் பாட்டு முழுக்க அந்த இடத்தில்தான் வெட்டு. ‘இடைத்தட்டு’ என்று ஒரு சொல் வைத்துக்கொண்டால் பொருந்தும்.

ஸ்கா பிறந்தது 1950களின் கடைசியில், ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனில். நியூ ஆர்லியன்ஸ் பக்கத்து ரிதம் அண்ட் புளூஸ் (கறுப்பின அமெரிக்கர்களின் ஆட்ட இசை) பாட்டுகள் அமெரிக்க வானொலி வழியாக ஜமைக்காவை எட்டின. தெருவில் பெரிய ஒலிபெருக்கிகளை அடுக்கி ஆட்டம் நடத்திய ‘சவுண்ட் சிஸ்டம்’காரர்கள் அதே போல் உள்ளூரில் வாசிக்கச் சொன்னபோது, இடைத்தட்டின் அழுத்தம் தூக்கலாகிவிட்டது. 1962இல் நாடு விடுதலை பெற்ற கொண்டாட்டத்தின் இசையும் இதுதான். ஜமைக்காவின் இன்னொரு இசை வகையான ரெகேயிலிருந்து ஸ்கா வந்தது என்று பலர் எழுதுகிறார்கள். தலைகீழ். ஸ்கா வேகம் குறைந்து ராக்ஸ்டெடி என்ற வகை ஆனது, அதிலிருந்துதான் 1960களின் இறுதியில் ரெகே.

‘பங்க்’ வேறு கதை. ஷேக்ஸ்பியர் காலத்தில் அது பாலியல் தொழிலாளியைக் குறித்த வசைச்சொல். பிறகு அமெரிக்காவில் உளுத்த மரத்துக்கும், உதவாக்கரைப் பையனுக்கும் பெயரானது. 1970களில் மூன்று கார்டில் (சுரக்கூட்டில்) வேகமாகக் கத்திப் பாடிய பிள்ளைகளின் இசைக்கு அதே பெயர் ஒட்டிக்கொள்ள, அவர்களும் சந்தோஷமாக வைத்துக்கொண்டார்கள். தமிழில் ‘காவாலி இசை’ என்றால் பொருள் வரும், ஆனால் யாரும் வாங்க மாட்டார்கள்.

1979வாக்கில் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் தி ஸ்பெஷல்ஸ் குழுவினர் ஸ்கா, பங்க் இரண்டையும் பக்கத்தில் கொண்டுவந்தார்கள். முழுசாகப் பிசைந்ததற்கு உதாரணம் கேட்டால் நான் காட்டுவது கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் 1987இல் தொடங்கிய ஆபரேஷன் ஐவி குழு. ஜெஸ்ஸி மைக்கேல்ஸ் பாட்டு, டிம் ஆம்ஸ்ட்ராங் கிடார், மாட் ஃப்ரீமன் பேஸ், டேவ் மெல்லோ டிரம்ஸ். 1952இல் பசிபிக் கடலில் அமெரிக்கா நடத்திய அணுகுண்டுச் சோதனைகளின் பெயரைத்தான் குழுவுக்கு வைத்தார்கள்.

ஸ்கா என்றாலே டிரம்பெட்டும் டிராம்போனும் வேண்டும் என்று நினைப்பவர்கள் இவர்களைக் கேட்க வேண்டும். ஊதுகருவிகளை நம்பாமல் நான்கு பேரே ஒப்பேற்றினார்கள். சரணத்தில் கிடார் சுத்தமாக ‘சக் சக்’ என்று இடைத்தட்டில் வெட்டும். பல்லவி வந்ததும் டிஸ்டார்ஷன் (கிடார் ஒலியைக் கரகரப்பாக்கும் உத்தி) ஏறி, தட்டு இடைவெளியே இல்லாமல் கம்பி மொத்தமும் இரையும். அப்புறம் மறுபடி சக் சக். பெரும்பாலான பாட்டுகள் இரண்டரை நிமிடத்தைத் தாண்டாது. ஒரு பாட்டின் பெயரே ‘சவுண்ட் சிஸ்டம்’, கிங்ஸ்டனுக்குச் சொன்ன வணக்கம் மாதிரி.

இவர்களைச் சொல்லும்போது வரும் ‘இண்டிபெண்டன்ட்’ என்ற அடைமொழிக்குத்தான் தமிழ் தேடுவது சிரமம். ‘சுயேச்சைக் குழு’ என்றால் தேர்தலில் நிற்பவர்கள்; இலங்கையில் வாக்குச்சீட்டிலேயே அந்தப் பெயர் இருக்கும். ‘சுயாதீனம்’ புழக்கத்தில் இருக்கிறது, தப்பில்லை. என் ஓட்டு ‘தற்சார்பு’க்கு. பெரிய கம்பெனி இல்லை என்பதை மட்டும் சொல்லாமல், தாங்களே செய்துகொண்டார்கள் என்பதையும் அது சொல்கிறது. இவர்களின் தளம் பெர்க்லியில் கில்மன் தெரு 924ஆம் எண் அரங்கம். மது கிடையாது, எந்த வயதினரும் வரலாம், வாசலில் நிற்பவர் முதல் பெருக்குபவர் வரை தன்னார்வலர்கள். இசைத்தட்டு வெளியிட்டது லுக்அவுட் என்ற சின்ன உள்ளூர் நிறுவனம்: 1988இல் ஆறு பாட்டு கொண்ட சிறுதட்டு, 1989இல் பத்தொன்பது பாட்டோடு ‘எனர்ஜி’.

அந்த ஒரே முழுநீளத் தட்டோடு கதை முடிந்தது. 1989 மே மாதம் கில்மனில் கடைசிக் கச்சேரி. அன்று அதே மேடையில் வாசித்த இன்னொரு குழு கிரீன் டே. ஆம்ஸ்ட்ராங்கும் ஃப்ரீமனும் 1991இல் ரான்சிட் என்ற குழுவைத் தொடங்கினார்கள். 1990களின் நடுவில் ஸ்கா பங்க் பெரிய கம்பெனிகளின் கையில் வானொலிப் பண்டமானபோது ஆபரேஷன் ஐவி கலைந்து பல வருடம் ஆகியிருந்தது. இசைத்தட்டு மட்டும் கைமாறிக் கைமாறி விற்றுக்கொண்டிருந்தது.

எழுத்து விஷயம் ஒன்று பாக்கி. மெய்யெழுத்தில் சொல் தொடங்காது என்பதால் ‘இசுகா’ என்று எழுதுவோர் உண்டு. ஓசைக்கு வைத்த பெயரில் முன்னால் ஒரு ‘இ’ வந்து நின்றால் அந்த வெட்டே போய்விடுகிறது. நான் ‘ஸ்கா’ என்றே எழுதுகிறேன். ‘பங்க்’கையும் அப்படியே விடுகிறேன், உகரம் சேர்த்துப் ‘பங்கு’ ஆக்கினால் பெட்ரோல் போய்ச் சந்தை வந்துவிடும்.